அம்மாவோடு குல்மார்க்: பனிமலைக்குப் புறப்படும் முன் சில குறிப்புகள்

செமோரில் எங்கள் வீட்டு வாசலில் நின்று கிழக்கே பார்த்தால் தீத்திவங்சா மலைத்தொடர் தெரியும். மேகம் விலகிய காலைகளில் கோர்பு மலையின் உச்சியும் தெரியும். 2,183 மீட்டர். பேராக்கில் அதைவிட உயரமான மலை கிடையாது. அந்த மலையைப் பார்த்துக்கொண்டேதான் என் அம்மா இருபத்தெட்டு வருடம் பால்மரம் சீவினார். விடியற்காலைப் பெரட்டுக்கு நிற்கும்போது தலையில் துண்டைக் கட்டிக்கொள்வார். அவருக்குத் தெரிந்த பனி என்றால், அந்தத் துண்டை நனைக்கிற மூடுபனிதான்.

"அள்ளி எடுக்குற பனிய ஒரு தடவ பாத்துடணும்" என்று ஓய்வு பெற்ற பிறகு சொல்ல ஆரம்பித்தார். ஷா ஆலாம் ஐ-சிட்டி பனிக்கூடத்துக்கு அழைத்துப் போனோம். "இது பெரிய ஐஸ் பொட்டி" என்று சொல்லிவிட்டார். அதனால் 2025 பிப்ரவரியில், தைப்பூசம் முடிந்த கையோடு, அம்மா, தம்பி, நான் மூவரும் காஷ்மீரின் குல்மார்க்குக்குப் புறப்பட்டோம். இந்தியாவில் பனிச்சறுக்குக்குப் பெயர்போன இடம் அது. போய் வந்ததிலிருந்து நண்பர்களும் வானொலி நேயர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே மொத்தமாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

எப்போது போவது?

காஷ்மீரில் கடுங்குளிருக்குத் தனிக் கணக்கு உண்டு. டிசம்பர் 21ல் தொடங்கும் நாற்பது நாளை 'சில்லாய் கலான்' என்கிறார்கள். பெருங்குளிர் என்று பொருள். அதற்குப் பிறகு இருபது நாள் சிறுகுளிர், பத்து நாள் குட்டிக்குளிர். நல்ல பனி பெரும்பாலும் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி கடைசிக்குள் கிடைக்கும். பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் ஆண்டு இறுதி விடுமுறையைத்தான் பார்ப்பார்கள். டிசம்பர் தொடக்கத்தில் போனால் பனி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சீனப் புத்தாண்டு விடுமுறை அதைவிடப் பொருத்தம்.

இதையெல்லாம் விசாரித்துத்தான் நாங்கள் பிப்ரவரி மூன்றாம் வாரத்தைத் தேர்ந்தெடுத்தோம். போய் இறங்கினால், குல்மார்க் புல்வெளியில் அங்கங்கே திட்டுத்திட்டாகத்தான் வெள்ளை. மீதி பழுப்பு. அந்த வாரம்தான், பனி போதவில்லை என்று 'கேலோ இந்தியா' குளிர்கால விளையாட்டுப் போட்டிகளையே தள்ளிவைத்தார்கள். அந்த மாதக் கடைசியில் பனி கொட்டி, மார்ச்சில் போட்டி நடந்தது. 2024 ஜனவரியிலும் இதே கதை. பாதி மாதத்துக்கு மேல் மொட்டைப் புல்வெளிதான். ஆகவே எந்தத் தேதிக்கும் உத்தரவாதம் இல்லை. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே வானிலை அறிக்கையைப் பாருங்கள். தேதி மாற்றக்கூடிய பயணச்சீட்டாக வாங்குங்கள்.

வழியும் ஆவணங்களும்

கோலாலம்பூரிலிருந்து டில்லி, அங்கிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேர விமானத்தில் ஸ்ரீநகர். ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் சுமார் 50 கிலோமீட்டர். கடைசி 13 கிலோமீட்டர் தங்மார்க் என்ற சிற்றூரிலிருந்து மேலே ஏறும் மலைப்பாதை. பனி விழுந்த நாளில் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டியோ நான்கு சக்கரமும் இழுக்கிற ஜீப்போதான் அதற்கு மேல் போக முடியும். ஸ்ரீநகரில் வாடகைக் கார் பேசும்போதே, "தங்மார்க் வரைக்குமா, ஓட்டல் வாசல் வரைக்குமா?" என்று கேட்டு முடித்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் டில்லியில் மூடுபனி, ஸ்ரீநகரில் பனிப்பொழிவு. விமானம் தாமதமாவதும் ரத்தாவதும் சாதாரணம். திரும்பும் வழியில் டில்லியில் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீநகர் விமான நிலையத்தில் வெளி வாசலிலிருந்தே பெட்டிகளை இறக்கிச் சோதிப்பார்கள். மூன்று மணி நேரம் முன்னதாகப் போவது நல்லது.

இந்திய விசாவை இணையத்திலேயே எடுத்துவிடலாம். ஸ்ரீநகரில் இறங்கியதும் வெளிநாட்டவர் பதிவுப் பாரம் ஒன்றை நிரப்ப வேண்டும். நாம் பார்ப்பதற்கு உள்ளூர் ஆள் மாதிரி இருப்பதால் சில சமயம் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். நாமே கேட்டு நிரப்பிவிட வேண்டும். கடப்பிதழ் எப்போதும் கையில் இருக்கட்டும்.

கைப்பேசி விஷயத்தில் நம்மவர்கள் பலர் ஏமாறுகிறார்கள். சென்னையிலோ டில்லியிலோ வாங்கிய முன்கட்டண சிம் கார்டு ஜம்மு காஷ்மீருக்குள் வேலை செய்யாது. மலேசிய எண்ணுக்கு அங்கே ரோமிங் கிடைக்குமா என்று புறப்படும் முன்பே உங்கள் நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள்.

பயணக் காப்புறுதி எடுக்கும்போது சிறு எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பல திட்டங்களில் பனிச்சறுக்குக்குப் பாதுகாப்பு கிடையாது. தனியாகச் சேர்க்க வேண்டும்.

உடுப்பு

நம் ஊரில் கேமரன் மலைக்குப் போடுகிற சுவெட்டர் அங்கே போதாது. மூன்று அடுக்கு வேண்டும். உடம்போடு ஒட்டிய தெர்மல் உள்ளுடை, அதன் மேல் கம்பளி, அதற்கும் மேல் காற்றும் நீரும் புகாத கோட்டு. பருத்தி உள்ளாடையும் ஜீன்ஸும் நனைந்தால் காயாது, குளிரை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். நீர் புகாத கையுறை, காதை மூடும் தொப்பி, இரண்டு மூன்று சோடி கம்பளிக் காலுறை போதும். கனத்த கோட்டும் பனிச்செருப்பும் தங்மார்க்கிலேயே வாடகைக்குக் கிடைக்கின்றன. ஒரு தடவைப் பயணத்துக்காக ஈப்போ பேரங்காடியில் நூற்றுக்கணக்கான வெள்ளியைக் கொட்ட வேண்டாம்.

வெயில் கண்ணாடியையும் சன்ஸ்கிரீனையும் மறக்காதீர்கள். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பி அடிக்கும். "நாம கறுப்புதானே, நமக்கென்ன" என்ற தம்பிக்கு இரண்டாம் நாள் மூக்குத் தோல் உரிந்தது.

அறை எடுக்கும்போது சூடேற்றும் வசதி என்ன, சுடுநீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேளுங்கள். 'புகாரி' என்ற விறகு அடுப்பு சில இடங்களில் உண்டு. புகைபோக்கி இல்லாத கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ மூடிய அறையில் வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. அதில் வரும் நச்சுவாயுவுக்கு வாசனை இல்லை. குளிர்காலத்தில் காஷ்மீரில் இதனால் உயிர்கள் போகின்றன.

உயரம்: இதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள்

குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதாவது, ஓட்டல் படுக்கையில் படுத்திருக்கும்போதே நாம் கோர்பு மலை உச்சியைவிட ஏறத்தாழ 470 மீட்டர் மேலே இருக்கிறோம். அங்கிருந்து 'கொண்டோலா' என்ற கம்பிவட வண்டி இரண்டு கட்டமாக ஏறுகிறது. 1998ல் திறந்த முதல் கட்டம் கோங்டூரி வரை, 3,000 மீட்டருக்குச் சற்று மேலே. 2005ல் திறந்த இரண்டாம் கட்டம் அபர்வத் மலைத்தோள் வரை, 4,000 மீட்டரை நெருங்கிவிடும். நம் கினபாலு உச்சி 4,095 மீட்டர். கினபாலு ஏறுகிறவர்கள் வழியில் ஓர் இரவு தங்கி, உடம்பைப் பழக்கிக்கொண்டு போகிறார்கள். இங்கே நாற்காலியில் உட்கார்ந்தபடி சில நிமிடங்களில் ஏறக்குறைய அதே உயரம். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் உயிர்வாயு, கடல் மட்டத்தில் கிடைப்பதில் சுமார் 60 விழுக்காடுதான்.

நான் இரண்டு கட்டத்துக்கும் சேர்த்தே மூன்று சீட்டு வாங்கியிருந்தேன். இணையத்தில் முன்பதிவு செய்தால்தான் நிச்சயம். அங்கே போய் வாங்கலாம் என்று நினைத்தால் இடைத்தரகர்கள் சூழ்ந்துகொள்வார்கள். காற்று பலமாக இருந்தால் இரண்டாம் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள். அன்று காற்று இல்லை, வானம் தெளிவாக இருந்தது. கோங்டூரியில் இறங்கியபோது அங்கே உண்மையான பனி. அம்மா கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு பிடி அள்ளினார். சிரித்தார். பிறகு நெற்றிப்பொட்டைப் பிடித்துக்கொண்டு, "லேசா தல வலிக்குதுய்யா" என்றார்.

அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை உண்டு. ஊரில் டாக்டர், "போகலாம். ஆனா தலைவலி, குமட்டல், மூச்சு வாங்குனா மேல ஏறாதீங்க, கீழ இறங்குங்க" என்று சொல்லியிருந்தார். எனக்கோ கையில் மேலே போகிற சீட்டு. இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற எண்ணம். "தண்ணி குடிம்மா, சரியாயிடும். அரை மணி நேரம் உக்காந்துட்டுப் போவோம்" என்றேன். தம்பிதான் என்னைத் தனியே இழுத்து, "காசு போனாப் போவுது. அம்மாவக் கேளு" என்றான். கேட்டேன். "நான் பாக்க வந்தத பாத்துட்டேன். இன்னும் மேல என்ன இருக்கு, இதே பனிதானே?" என்றார். மேலே யாரும் போகவில்லை. குல்மார்க்குக்கு இறங்கிக் கொஞ்ச நேரத்தில் தலைவலி விட்டது.

அன்று பட்ட வெட்கத்தால் எழுதுகிறேன். வயதானவர்களோடு போகிறவர்கள் முதல் கட்டத்துக்கு மட்டும் சீட்டு வாங்குங்கள். முதல் நாள் ஸ்ரீநகரில் தங்கி ஓய்வெடுங்கள். குல்மார்க் சேர்ந்த அன்றே கொண்டோலா ஏறாதீர்கள். நிறைய தண்ணீர், மது வேண்டாம். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் புறப்படவே வேண்டாம்.

சறுக்கலாமா?

தாராளமாக. 1927லிருந்தே குல்மார்க்கில் பனிச்சறுக்குச் சங்கம் இருந்திருக்கிறது. இந்திய அரசின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சிக் கழகமும் அங்கே இருக்கிறது. முதல் முறை போகிறவர்களுக்குப் புல்வெளியை ஒட்டிய சிறு சரிவுகள் போதும். கருவிகளும் பயிற்சியாளரும் வாடகைக்குக் கிடைப்பார்கள். எத்தனை மணி நேரம், என்னென்ன சேர்த்து, எவ்வளவு என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். தம்பி இரண்டு மணி நேரத்தில் பதினேழு தடவை விழுந்தான். அம்மா விரல் விட்டு எண்ணினார். பதினெட்டாவது தடவை இருபது அடி தூரம் நின்றபடியே போனான்.

அபர்வத் சரிவு கைதேர்ந்தவர்களுக்கு மட்டும். அதன் பெரும்பகுதி சீர்செய்யாத காட்டுப் பனி. 2023 பிப்ரவரியிலும் 2024 பிப்ரவரியிலும் அந்தப் பகுதியில் பனிச்சரிவில் வெளிநாட்டுச் சறுக்கு வீரர்கள் உயிரிழந்தார்கள். ரோந்துக் குழு கட்டியிருக்கும் கயிற்றைத் தாண்டாதீர்கள்.

வண்டி இழுப்பவர்

கோங்டூரியில் இறங்கியதும் பனிச்சறுக்கு வண்டி இழுப்பவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். மரப்பலகை வண்டி. நாம் உட்கார வேண்டும், ஒரு மனிதர் கயிற்றால் இழுப்பார். அம்மா மறுத்துவிட்டார். "ஒரு மனுசன் இழுக்க நான் உக்காந்துக்கிட்டு வரணுமா? நான் காண்டா வாளி தூக்குனவ."

அந்தப் பெரியவருக்கு அம்மா வயதிருக்கும். நாங்கள் மறுத்த பிறகும் கூடவே நடந்தார். அம்மா களைத்து நின்றபோது, பழக்கத்தில் மலாயில் "கெருசி" என்று சொல்லிவிட்டார். அவர் "குர்சி?" என்று சிரித்துக்கொண்டே தன் வண்டியைக் காட்டினார். ஒரே சொல்தான் இரண்டு மொழியிலும். அம்மாவுக்கு அது பிடித்துவிட்டது. பிறகு நான் ஆங்கிலத்தில் கேட்க, அவர் அரைகுறை இந்தியும் ஆங்கிலமுமாகச் சொன்னார். கீழே புல்வெளியில் பனி இல்லாததால் எல்லோரும் மேலே வந்துவிட்டார்களாம். பத்து வண்டிக்கு ஒரு சவாரி கிடைப்பதே கஷ்டமாம். பனி விழாத நாளில் வீட்டுக்கு வெறுங்கையோடு போக வேண்டியதுதானாம்.

நான் அதை மொழிபெயர்த்தேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "நமக்கு மழ பேஞ்சா வேல இல்ல. இவருக்குப் பனி பேயாட்டி வேல இல்ல" என்றார். பிறகு வண்டியில் ஏறி உட்கார்ந்தார். தலைவலி வந்தது அதற்குப் பிறகுதான். ஏற்றத்தில் இறங்கி அவரோடு நடந்தார், இறக்கத்தில் உட்கார்ந்தார். பேசியதற்கு மேல் காசு கொடுக்கச் சொன்னார்.

வண்டி, குதிரை, வழிகாட்டி எல்லாவற்றிலும் பேரம் உண்டு. முன்பே தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் ஒரு தடவை மரியாதையாகச் சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருங்கள். பேரம் பேசும்போது அந்தக் குளிர்கால வருமானத்தை நம்பி இருப்பவரிடம்தான் பேசுகிறோம் என்பதும் நினைவிருக்கட்டும்.

போகலாமா, வேண்டாமா?

நாங்கள் திரும்பி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். காஷ்மீரில் பல சுற்றுலாத் தலங்களை மூடினார்கள், பிறகு கட்டங்கட்டமாகத் திறந்தார்கள். ஆகவே இதைப் படித்துவிட்டு உடனே சீட்டு எடுக்காதீர்கள். நம் வெளியுறவு அமைச்சின் பயண அறிவிப்பைப் பாருங்கள், எந்த இடம் திறந்திருக்கிறது என்று உறுதி செய்யுங்கள், காப்புறுதி அந்தப் பகுதிக்குச் செல்லுமா என்று கேளுங்கள். மனம் ஒப்பவில்லை என்றால் உத்தராகண்டில் அவுலி, இமாசலத்தில் மணாலிக்குப் பக்கத்தில் சோலாங் இருக்கின்றன. 'ரோஜா' படத்தில் நாம் காஷ்மீர் என்று பார்த்த பனிக்காட்சிகளில் பல மணாலியில் எடுத்தவைதான்.

பஹல்காம் செய்தி வந்த அன்று இரவு அம்மா தொலைக்காட்சி முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். செத்தவர்களுக்காக அழுதார். பிறகு என்னைக் கேட்டார். "அந்த வண்டிக்காரர் இருக்காரே, இனிமே அவருக்கு யார் போவா?"

என்னிடம் பதில் இல்லை. அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. நீங்கள் போனால் கேட்டுக்கொள்ளுங்கள்.