பெரிய வியாழனில் வந்த அப்டேட்



இந்த வாரச் சிந்தனை ஒரு விளையாட்டுப் பெட்டியைப் பற்றியது. டிவியோடு இணைத்து நம் பிள்ளைகள் விளையாடும் பிளேஸ்டேஷனைத்தான் சொல்கிறேன். "போதகருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று உங்களில் சிலர் புன்னகைக்கக்கூடும். எனக்கு அதை இயக்கக்கூடத் தெரியாது. ஆனால் நான் செய்த ஒரு தவற்றை எனக்கு உணர்த்துவதற்கு நம் சபையின் இளைஞர் ஒருவர் அந்தப் பெட்டியின் கதையைத்தான் எடுத்துக்கொண்டார். அவருடைய அனுமதியோடு, அவர் பெயரைச் சொல்லாமல், அதை உங்களுக்கு எழுதுகிறேன்.

என் தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஆலயத்து மாடியறையை, இரவு பத்து மணி வரை படிப்பதற்கென்று வாலிபருக்குத் திறந்துவிட்டது உங்களுக்கு நினைவிருக்கும். ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் நம் வீடுகள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே அறையில் சமையல், டிவி, உறக்கம் எல்லாம் நடக்கும். அங்கே ரயில்வே தேர்வுக்கோ அரசுத் தேர்வுக்கோ ஒரு பிள்ளை எப்படிப் படிக்கும்? ஆகையால்தான், "இந்த அறை உங்களுடையது" என்று பீடத்தருகே நின்று சொல்லிச் சாவியைக் கொடுத்தேன். ஓர் இரவு, வெளியாள் ஒருவர் அந்தப் பிள்ளைகளோடு பழகி உள்ளே வந்து, ஜன்னலை உடைத்து, ஒலிபெருக்கியைத் தூக்கிச் சென்றுவிட்டார். அடுத்த ஞாயிறு அறிவிப்பு நேரத்தில், "பாதுகாப்புக் காரணங்களால் மாடியறை மூடப்படுகிறது" என்று ஒரே வாக்கியத்தில் வாசித்து முடித்தேன். படிக்க வந்த ஆறு பேரையும் அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த வாரம்தான் அந்தத் தம்பி என்னைத் தேடி வந்தார். இப்போது அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கணினித் துறையில் வேலை செய்கிறார். "ஐயா, நீங்கள் வாசித்த அந்த வாக்கியத்தை நான் கல்லூரியில் படிக்கும்போதே ஒருமுறை கேட்டுவிட்டேன்" என்றார். எங்கே என்று கேட்டேன். "பிளேஸ்டேஷனில்" என்றார்.

அவருடைய தகப்பனார் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். நம் பகுதியில் கப்பலுக்குப் போகிறவர்களின் வீடுகளில் வெளிநாட்டுப் பொருள் ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும். மற்றவர்கள் அவற்றைப் பர்மா பஜாரில் தேடுவார்கள். சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 3, 2006 நவம்பரில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வெளிவந்தது. 2007-இல் இந்தியாவுக்கு வந்தபோது அதன் விலை 39,990 ரூபாய். ஒரு விளையாட்டுக்கு அவ்வளவு பணமா என்று தாயார் தடுத்திருக்கிறார். மகன் ஒரு காரணம் சொன்னார்: அந்தப் பெட்டியில் 'அதர் ஓஎஸ்' என்றொரு வசதி உண்டு, அதன்மூலம் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை நிறுவினால் அதுவே கணினியாகிவிடும். வீட்டில் கணினி கிடையாது. ஒரே செலவில் தம்பிக்கு விளையாட்டு, அண்ணனுக்குப் படிப்பு. அந்த வார்த்தையை நம்பி, ஒரு பயணத்தின் முடிவில் தகப்பனார் அதை வாங்கி வந்தார். பெட்டி மெதுவாகத்தான் இயங்கியதாம். ஆனாலும் இரவு தோறும் அதில்தான் அவர் புரோகிராம் எழுதக் கற்றார்.

அப்படிப் பயன்படுத்தியவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. பல பல்கலைக்கழகங்கள் இந்தப் பெட்டிகளை ஒன்றோடொன்று இணைத்து ஆராய்ச்சிக் கணினிகளை அமைத்தன. அமெரிக்க விமானப்படையின் ஆய்வகம் ஒன்று 1,700-க்கும் மேற்பட்ட பெட்டிகளை இணைத்து ஒரு மீக்கணினியையே கட்டியது.

2009 செப்டம்பரில் வந்த மெலிந்த மாடலில் நிறுவனம் இந்த வசதியை விட்டுவிட்டது. பழைய பெட்டிகளில் அது தொடரும் என்ற உறுதி மட்டும் அப்போது தரப்பட்டது. 2010 ஜனவரியில் ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற அமெரிக்க இளைஞர், இதே வசதியின் வழியாகப் பெட்டியின் உட்காவலை உடைத்துவிட்டதாக அறிவித்தார். காவல் உடைந்தால் திருட்டுப் பிரதிகளைப் பெட்டியில் ஓட்ட வழி பிறந்துவிடும் என்ற அச்சம் எழுந்தது. மார்ச் 28 அன்று நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஏப்ரல் 1 அன்று 3.21 என்ற எண்ணுள்ள சிஸ்டம் சாஃப்ட்வேர் அப்டேட் வரும், அது 'அதர் ஓஎஸ்' வசதியை நீக்கிவிடும், காரணம், பாதுகாப்பு.

அந்த ஆண்டு நாட்காட்டியைப் பின்னோக்கிப் பார்த்தேன். மார்ச் 28 குருத்தோலை ஞாயிறு. ஏப்ரல் 1 பெரிய வியாழன். ஆண்டவர் தம் சீஷரோடு பந்தியிருந்து புதிய உடன்படிக்கையைக் கொடுத்ததை நாம் நினைவுகூரும் இரவில், அந்த வீட்டுத் திரையில் வேறொரு உடன்பாடு மாற்றி எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. அந்த இரவு நான் உடன்படிக்கையைப் பற்றித்தான் பிரசங்கித்திருப்பேன். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் அந்தத் தம்பியும் ஒருவர்.

அப்டேட்டை ஏற்பது கட்டாயமில்லை என்றே அறிவிப்பு சொன்னது. ஆனால் ஏற்காதவர்கள் இணையத்தில் மற்றவர்களோடு விளையாட முடியாது. நிறுவனத்தின் இணையச் சேவைக்குள் நுழைய முடியாது. இனி வரும் புதிய விளையாட்டுகளும் படங்களும் ஓடாமல் போகலாம். ஒரு கையைக் கொடு, இல்லையேல் மற்றக் கையைக் கொடு என்பதுதான் அந்தச் சுதந்தரம். காசு கொடுத்து வாங்கியபோது இரண்டு கைகளும் அவருடையவையாகத்தான் இருந்தன.

பயன்படுத்தியவர்கள் இதை எப்படி எதிர்கொண்டார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். ஒவ்வொன்றிலும் நான் நம் சபையைக் கண்டேன்.

நாள் ஏப்ரல் முதல் தேதி என்பதால், இது முட்டாள்கள் தின வேடிக்கையாக இருக்கும் என்று சிலர் முதலில் நம்ப மறுத்தார்கள். என் அறிவிப்பைக் கேட்ட வாலிபரும், "ஐயா அடுத்த வாரம் திறந்துவிடுவார்" என்றுதான் எண்ணியிருக்கிறார்கள்.

பெரும்பாலானவர்களுக்கு எந்தக் கலக்கமும் இல்லை. அவர்கள் லினக்ஸைத் தொட்டதே கிடையாது. "நூற்றில் ஒருவர் பயன்படுத்துவதற்காக இவ்வளவு கூச்சலா?" என்று கேட்டார்கள். அந்தத் தம்பியை அதிகம் காயப்படுத்தியது நிறுவனத்தின் அறிவிப்பைவிட இந்தக் கேள்விதானாம். நம் ஆலயத்திலும் அன்று முந்நூறு பேர் இருந்தோம். மாடியறை மூடப்பட்டதை ஆறு பேர் தவிர யாரும் உணரவில்லை. நானும் உணரவில்லை.

வேறு சிலர் நீதிமன்றம் போனார்கள். அந்த ஏப்ரலிலேயே கலிபோர்னியாவில் வழக்குத் தொடரப்பட்டது. 2011-இல் அது தள்ளுபடியானது. 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் ஒரு பகுதியை மீண்டும் உயிர்ப்பித்தது. 2016-இல் சமரசப் பேச்சு வந்தது. 37.5 லட்சம் டாலர் என்று தொகை முடிவாகி, உரியவர்கள் விண்ணப்பிக்கும் நிலை வந்தபோது 2018 ஆகிவிட்டது. அதற்குள் பிளேஸ்டேஷன் 4 வந்து நான்கு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

இன்னும் சிலர் பூட்டை உடைக்கப் புறப்பட்டார்கள். 2010 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஒரு மாநாட்டில், பொறியாளர் குழு ஒன்று அந்தப் பெட்டியின் பாதுகாப்பு அமைப்பிலிருந்த அடிப்படைப் பிழையை எல்லார் முன்பாகவும் விளக்கிக் காட்டியது. பறிக்கப்பட்ட லினக்ஸை மீண்டும் கொண்டுவருவதே தங்கள் நோக்கம் என்றார்கள். பாதுகாப்புக்காக ஒரு கதவை அடைத்து ஒன்பது மாதம் முடியும் முன்னே, மொத்தச் சுவரும் விரிசல் விட்டது. கதவு திறந்திருந்தவரை அதன் வழியே நடந்துகொண்டிருந்தவர்கள், அது அடைபட்டபின் சுவரை ஆராயத் தொடங்கினார்கள்.

அந்தத் தம்பி இவற்றில் எதையும் செய்யவில்லை. அப்டேட்டை ஏற்காமல் காத்திருந்தார். சில மாதங்களுக்குப்பின் இளைய சகோதரன் புதிய விளையாட்டு ஒன்றை வாங்கி வந்தான். அதை ஓட்டுவதற்கு அப்டேட் வேண்டும் என்று திரை கேட்டது. அண்ணன் வீட்டில் இல்லை. பையன் சம்மதம் என்பதை அழுத்திவிட்டான். அண்ணன் பல மாதங்களாக எழுதிச் சேர்த்தவை அதற்குப்பின் எட்டாமற்போயின. பழைய நிலைக்குத் திரும்ப நேர்வழி கிடையாது. "தம்பியை அடித்துவிட்டேன் ஐயா. பதினைந்து ஆண்டுகள் ஆகியும் அந்த அடிதான் வலிக்கிறது" என்றார். மேலேயிருப்பவர்கள் வாக்கை மாற்றும்போது, கீழேயிருப்பவர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்கிறார்கள். எண்ணூர் முதல் துறைமுகம் வரை இதை நாம் எத்தனை முறை கண்டிருக்கிறோம்! சேரும்போது சொன்ன சம்பளம் ஒன்று, கைக்கு வருவது மற்றொன்று என்றால், ஒப்பந்தத் தொழிலாளி யாரிடம் கோபத்தைக் காட்டுகிறார்? வீட்டில் மனைவியிடமும் பிள்ளையிடமும் அல்லவா?

பிரியமானவர்களே, நான் அந்த நிறுவனத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த இதை எழுதவில்லை. அச்சுறுத்தல் மெய்யானது. அப்டேட்டுகள் பெரும்பாலும் நமக்கு நன்மையே செய்கின்றன, ஓட்டைகளை அடைக்கின்றன. உங்கள் செல்பேசி கேட்கும்போது தள்ளிப்போடாமல் போட்டுக்கொள்ளுங்கள். எதைக் கூட்டுகிறது, எதைக் குறைக்கிறது என்பதையும் வாசியுங்கள். என் கேள்வி வேறு. ஒருவர் செய்த தீங்குக்காக, அதில் பங்கில்லாத எல்லாருக்கும் கொடுத்த வாக்கை நாம் திரும்ப வாங்கலாமா?

யோசுவாவின் புஸ்தகம் ஒன்பதாம் அதிகாரத்தைத் திறந்து வாசித்துப் பாருங்கள். கிபியோனின் குடிகள் தூரதேசத்தார்போல வேஷமிட்டு, கிழிந்த பாதரட்சைகளோடும் உலர்ந்த அப்பத்தோடும் வந்து, இஸ்ரவேலோடு உடன்படிக்கை செய்துகொண்டார்கள். மூன்று நாளில் உண்மை வெளிப்பட்டது. வஞ்சித்துப் பெற்ற வாக்கு, அதை முறிப்பதற்குப் பாதுகாப்புக் காரணமும் போதுமான அளவுக்கு இருந்தது, சபையாரும் முறுமுறுத்தார்கள். ஆனாலும் தலைவர்கள் ஆணையை மீறவில்லை. புதிய ஏற்பாடுகள் செய்தார்கள். கிபியோனியருக்குப் புதிய கடமைகளை விதித்தார்கள். கொடுத்த உயிரைமாத்திரம் திரும்ப எடுக்கவில்லை. பிற்காலத்தில் சவுல் அந்த வாக்கை மீறினபோது, தாவீதின் நாட்களில் தேசம் மூன்று ஆண்டுப் பஞ்சத்தால் அதற்குக் கணக்குக் கொடுத்தது. வஞ்சித்தவருக்குக் கொடுத்த வார்த்தையே அவ்வளவு கனமுள்ளதானால், நம்மை நம்பினவருக்குக் கொடுத்த வார்த்தையின் கனம் எவ்வளவு!

நம்மில் மீன் வியாபாரம் செய்கிறவர்களுக்கு இது விளங்காததல்ல. காசிமேட்டு ஏலத்தில் வாயால் கேட்ட விலைதான் விலை. ஒரு மணி நேரத்தில் சந்தை சரிந்துவிட்டது என்று கேட்டவர் பின்வாங்கினால், மறுநாள் அவர் குரலுக்கு மதிப்பிராது. மாடியறைச் சாவியைக் கேட்டு வாங்கியபோது நான் அப்படிப் பின்வாங்கினவனானேன்.

அந்த வாரமே ஆறு பேரையும் அழைத்தேன். மன்னிப்புக் கேட்டேன். பிறகு, "பாதுகாப்புக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. வருகிறவர்களின் பெயரை எழுத ஒரு பதிவேடு, ஜன்னலுக்குக் கம்பி, வாரம் ஒருவர் பொறுப்பு என்று அவர்களே சொன்னார்கள். நான் யோசித்ததைவிட நல்ல பூட்டு அது. அறை திறந்தது. ஆனால் ஆறு பேரில் நான்கு பேரே திரும்பி வந்தார்கள். மற்ற இருவருடைய வீட்டுக்கும் போயிருந்தேன். மரியாதையாகப் பேசினார்கள், தேநீர் கொடுத்தார்கள், வருகிறோம் என்றார்கள். இன்னும் வரவில்லை. மென்பொருளில் மட்டுமல்ல, மனிதரிடத்திலும் சில மாற்றங்களுக்குப்பின் பழைய நிலைக்குத் திரும்ப நேர்வழி இல்லை.

இந்த வாரம் உங்களை நீங்களே கேட்டுப்பாருங்கள். ஒரே அறிவிப்பில் மற்றவருடைய ஏற்பாட்டை மாற்றும் அதிகாரம் உங்கள் கையில் எங்கே இருக்கிறது? வாடகைக்குக் குடிவைத்திருக்கிறீர்களா? உங்களுக்குக் கீழே ஆட்கள் வேலை செய்கிறார்களா? பிள்ளைக்குப் பள்ளி முடிந்ததும் ஒன்று தருவதாகச் சொல்லியிருக்கிறீர்களா? மாற்றியே ஆக வேண்டிய நிலை வரலாம். வந்தால், அறிவிக்கும் முன்னே அழைத்துப் பேசுங்கள். நூறு பேரில் யாருக்கு அது வலிக்கும் என்று விசாரியுங்கள். ஒருவர்தானே என்று கடந்துபோகாதிருங்கள். தொண்ணூற்றொன்பதை விட்டு ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பரின் மந்தை அல்லவா நாம்?

உண்மையுள்ள ஆண்டவரே, நீர் எங்களுக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளாதவர். எங்கள் வாக்குகளையும் அப்படியே காத்துக்கொள்ள எங்களுக்குப் பெலன் தாரும். எங்களால் காயப்பட்டு இன்னும் திரும்பி வராதவர்களை நீரே சந்தியும். ஆமென்.

பின்குறிப்பு: மாடியறை மாலை ஆறு முதல் இரவு பத்து வரை திறந்திருக்கிறது. அந்த இருவரும் இதை வாசிப்பார்களானால் அறிந்துகொள்ளட்டும்: உங்கள் பெயர்கள் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கின்றன.

உங்கள் போதகர்