புதுத் தொட்டியில் என்ன மீன்?



போன மாதம் காலித் தொட்டியின் படத்தை இங்கே போட்டதிலிருந்து போனில் ஒரே கேள்விதான். "சார், என்ன மீன் விட்டீங்க?" இருபது நாள் ஆகியும் மீன் விடாமல் வெறும் தண்ணீரை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே, சாருக்கு உடம்பு ஏதும் சரியில்லையா என்று ஒருவர் என் மகளிடமே விசாரித்திருக்கிறார். நன்றாக இருக்கிறேன். நேற்றுதான் எல்லாம் முடிவானது, அதனால் இப்போது எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். நடுவில் உங்களில் ஆறேழு பேருக்கு மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கக்கூடிய ஒரு விஷயமும் வருகிறது.

முதலில் தொட்டி. மருமகன் வாங்கிக் கொடுத்தது. நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். பெருக்கிப் பாருங்கள், 9 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்றால் சுமார் 255 லிட்டர். தண்ணீரே கால் டன் எடை. கண்ணாடி, மணல், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் 300 கிலோவைத் தாண்டும். மாடியில் வைக்கலாம் என்று பேத்தி சொன்னாள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. கீழே ஹாலில் சுவரோரம் வைத்திருக்கிறோம். பழைய தொட்டி 2க்கு 1க்கு 1. அது 57 லிட்டர்கூட வராது.

அந்தச் சின்னத் தொட்டியில் இருந்தவர்கள்: இரண்டு ஏஞ்சல், ஐந்து மோலி, ஒரு சக்கர். சக்கர் என்றால் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி தின்னுமே, அந்தக் கறுப்பு மீன். 2022-ல் பேத்தி பிறந்தநாளுக்குக் கொளத்தூர் கூட்டிப்போனபோது "இது தொட்டியைச் சுத்தம் பண்ணும் தாத்தா" என்று கடைக்காரர் சொன்னதை அவள் எனக்குத் திருப்பிச் சொல்லி வாங்க வைத்தாள். அன்றைக்கு அது இரண்டு அங்குலம். இன்றைக்குப் பதினொரு அங்குலம். ஒரு அடி அகலத் தொட்டியில் பதினொரு அங்குல மீன் எப்படித் திரும்பும்? வாலை மடித்து, கண்ணாடியில் உரசி, வழியில் இருக்கும் செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் திரும்பும். சுத்தம் செய்ய வந்தவர் போடுகிற கழிவு மற்ற ஏழு மீனும் சேர்ந்து போடுவதைவிட அதிகம்.

பெரிய தொட்டி வாங்கியதே உண்மையில் இதற்காகத்தான். ஆனால் பெரிய தொட்டி வந்ததும் எல்லோருக்கும் ஆசையும் பெரிதாகிவிடுகிறது. ஆஸ்கர் விடுங்க சார் என்றார் ஒருவர். அரோவானா வீட்டுக்கு நல்லது என்றார் என் சம்பந்தி. தங்கை மகன் ஃபிளவர்ஹார்ன் தானே வாங்கித் தருவதாகச் சொன்னான். (ஃபிளவர்ஹார்ன் விட்டால் அப்புறம் வேறு மீன் எதுவும் வாங்க வேண்டியதில்லை. இருப்பதையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும்.)

நான் முதலில் பார்த்தது எங்கள் தண்ணீரை. கும்மிடிப்பூண்டியில் எங்கள் தெரு போர் தண்ணீர் பக்கெட்டில் வெள்ளைப் படலம் விடுகிற தண்ணீர். மருமகன் கம்பெனியிலிருந்து டி.டி.எஸ். மீட்டர் கொண்டுவந்து வைத்தான், 1100 காட்டியது. நியான் டெட்ரா அமேசான் காட்டு ஓடைகளின் மீன். அங்கே தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். பண்ணையில் வளர்த்தது ஓரளவு பழகும், ஆனால் இந்த அளவுக்குப் பழகச் சொல்வது பாவம். ஆர்.ஓ. தண்ணீர் கலக்கலாமே என்பீர்கள். வாரம் 60 லிட்டர் மாற்ற வேண்டிய தொட்டிக்கு ஆர்.ஓ. ஓட்டினால், அதைவிட அதிகத் தண்ணீர் சாக்கடைக்குப் போகும். மோலி உப்பு நீரையே தாங்கும் மீன், அதற்கு எங்கள் தெரு சொர்க்கம். மிஸ் கேரளா என்று கடைகளில் அழகாக வைத்திருக்கிறார்கள். அது மேற்குத் தொடர்ச்சி மலையில் வேகமாக ஓடும் குளிர்ந்த ஆறுகளின் மீன், அதிகமாகப் பிடித்துப் பிடித்தே அருகிப்போய்விட்டது. மே மாதம் எங்கள் ஹாலில் தொட்டித் தண்ணீர் 32 டிகிரி. அதுவும் வேண்டாம்.

அடுத்து, யார் யாரோடு இருப்பார்கள் என்பது. டைகர் பார்ப் துடியான மீன், ஏஞ்சலின் நீண்ட துடுப்பைக் கண்டால் கடிக்காமல் இருக்காது. ஏஞ்சலும் சாது கிடையாது. குட்டியாக இருக்கும்போது நியானோடு சேர்ந்து நீந்தும், வளர்ந்த பிறகு அதே நியானை விழுங்கிவிடும். வாய்க்குள் அடங்குவதெல்லாம் இரை என்பதுதான் மீன்களின் கணக்கு. கோல்டு ஃபிஷ் குளிர்ந்த நீர் மீன், அதை இந்தக் கூட்டத்தில் சேர்க்கவே கூடாது. கடையில் இரண்டு அங்குலத்தில் எல்லா மீனும் ஒன்றுபோல் சாதுவாகத்தான் தெரியும். வளர்ந்தால் எவ்வளவு, என்ன குணம் என்று கேட்டால் பாதிப் பேர் பதில் சொல்வதில்லை.

இதற்கிடையில் ஒரு ஏஞ்சலின் விலாவில் வெள்ளைத் திட்டு வந்தது. பூஞ்சை என்று நினைத்துப் பத்து நாள் மருந்து போட்டேன், குறையவில்லை. ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்தவன் டார்ச் அடித்துப் பார்த்தால், சக்கர் அந்த ஏஞ்சலின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது! வளர்ந்த சக்கருக்கு பாசி போதாது. தட்டையான உடம்புள்ள, ராத்திரியில் அசையாமல் நிற்கும் மீன் கிடைத்தால் அதன் மேல்தோல் வழவழப்பைச் சுரண்டித் தின்னும். புத்தகத்தில் படித்திருக்கிறேன். என் வீட்டில் நடக்கும் என்று நினைக்கவில்லை.

மறுநாள் குடும்பக் கூட்டம். சக்கரை என்ன செய்வது? கொளத்தூரில் இரண்டு கடைக்குப் போன் செய்தேன், இவ்வளவு பெரிசு வேண்டாம் என்றுவிட்டார்கள். அப்போது தங்கை மகன் சாதாரணமாகச் சொன்னான்: "பேசாம ஏரியில விட்டுடுங்க மாமா. அதுவும் சந்தோஷமா இருக்கும்."

எனக்குக் கையில் இருந்த காபி டம்ளரைக் கீழே வைக்க வேண்டியதாகிவிட்டது. ஏனென்றால் அந்த வாக்கியம் என்னுடையது.

1998, ஏப்ரல் கடைசி. நம் பள்ளி ஆய்வகத்தில் சன்னல் ஓரம் ஒரு தொட்டி இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதிலும் சக்கர் மீன்கள்தான், முக்கால் அடிக்கு வளர்ந்துவிட்டிருந்தன. கோடை விடுமுறையில் யார் பார்த்துக்கொள்வது என்ற பிரச்சினை. ஆய்வகத்துப் பச்சை வாளியில் எடுத்துக்கொண்டு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறேழு பேருடன் பின்னால் இருந்த ஏரிக் கரைக்கு நடந்தோம். மதகுப் பக்கம் இறங்கி, "இவற்றுக்கு விடுதலை, இனி சந்தோஷமாக இருக்கட்டும்" என்று நான் ஏதோ பேசினேன். நீங்கள் கை தட்டினீர்கள். ஒரு மாணவி மட்டும், "சார், இது நம்ம ஏரி மீனா?" என்று கேட்டார். "தண்ணி எல்லாம் ஒரே தண்ணிதான்மா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அதே ஆண்டுதான் உங்களுக்கு ஆகாயத்தாமரை பற்றி நடத்தியிருந்தேன். தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த செடி, நம் ஏரி குளங்களை மூடிவிட்டது என்று கரும்பலகையில் படம் போட்டு நடத்தினேன். 1952-ல் உள்ளே வந்த ஜிலேபிக் கெண்டையை இன்று யாரும் வெளியூர் மீன் என்றே நினைப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொன்ன ஞாபகம். சக்கரும் தென் அமெரிக்காதான். பாடத்தையும் வாளியையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

சக்கர் ஏரியில் என்ன செய்யும் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். கரை மண்ணில் வளை தோண்டி முட்டை வைக்கும், கரை அரிக்கும். உடம்பு முழுக்க எலும்புத் தகடு, துடுப்பில் முள். வலையில் சிக்கினால் வலையைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். கொக்குகூட விழுங்கத் தடுமாறும். தண்ணீரில் காற்று குறைந்தால் மேலே வந்து வாயால் காற்றை விழுங்கி, வயிற்றாலேயே சுவாசித்துக்கொள்ளும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் வீட்டில் மூன்று நாள் கரண்ட் இல்லை. நானும் என் மனைவியும் முறை வைத்துக் குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினோம். அப்போது தொட்டியில் இருந்த கப்பிகள் எல்லாம் போய்விட்டன. சக்கருக்கு ஒன்றும் ஆகவில்லை. கெட்டிக்கார மீன் என்று அன்றைக்குப் பெருமைப்பட்டேன். அந்தக் கெட்டிக்காரத்தனம் ஏரியில் விரால், கெளுத்திக்கெல்லாம் என்ன அர்த்தம் என்று அப்போது யோசிக்கவில்லை.

உங்களில் ஒருவர் ஏரி மீன் குத்தகை எடுக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் கரையில் கொட்டிக் கிடந்த சக்கர் குவியலைப் படமெடுத்து அனுப்பி, "இது எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியல சார், விக்கவும் முடியல, திங்கவும் ஆளில்ல" என்று எழுதியிருந்தார். நான் இரண்டு நாள் பதில் போடவில்லை. பிறகு "காலம் கெட்டுப்போச்சு" என்று ஏதோ எழுதி முடித்துக்கொண்டேன். அதற்காக வெட்கப்படுகிறேன். அந்த மீன்கள் நாம் விட்டவற்றின் வம்சம்தானா என்று யாராலும் சொல்ல முடியாது. மழைக்காலத்தில் நம் பக்கத்து ஏரிகள் ஒன்றுக்கொன்று கலங்கல் வழியே நிரம்பி ஓடுபவை, வேறு எத்தனையோ பேர் விட்டிருக்கலாம். ஆனால் என் பங்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆகவே சக்கர் எங்கேயும் போகவில்லை. முடிவை அங்கிருந்து தொடங்கினேன்: பெரிய தொட்டி அதற்கு, மற்றவர்கள் அதற்கு ஏற்றவர்கள். ஏஞ்சல் இரண்டும் ஜோடி சேர்ந்து முட்டை வைக்க ஆரம்பித்திருந்தன, இனி மற்றவர்களை விரட்டும். பொன்னேரியில் இருக்கும் ஒரு பழைய மாணவரிடம் உயரமான தொட்டி இருக்கிறது, அங்கே போய்விட்டன. திட்டு ஆறிவிட்டதாகப் போன வாரம் வீடியோ அனுப்பினார். புதுத் தொட்டியில் பழைய ஃபில்டர் ஸ்பாஞ்சைப் பிழிந்துவிட்டு, அதையே போட்டு மூன்று வாரம் ஓடவிட்டேன். மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அந்த ஸ்பாஞ்சில்தான் குடியிருக்கிறது. நீங்கள் காலித் தொட்டி என்று பார்த்தது அந்தக் குடித்தனத்தைத்தான்.

நேற்று சக்கரை மாற்றினோம். கூடவே அதே ஐந்து மோலி, புதிதாக எட்டு ரெயின்போ. ரெயின்போ நியூகினி, ஆஸ்திரேலியா பக்கத்து மீன். நாங்கள் வாங்கிய ஜாதி கடினத் தண்ணீரிலேயே பழகியது, நான்கு அங்குலத்துக்கு மேல் பெரிதாக வளராது, கூட்டமாகவே இருக்கும், மேல்மட்டத்தில் வேகமாக ஓடும். ராத்திரி ஒட்டிக்கொள்ள சக்கருக்கு இடம் கொடுக்காது. விளக்கணைத்த பிறகு வெள்ளரித் துண்டும் சுரைக்காய்த் துண்டும் கீழே போடுகிறோம், ஒரு மரக்கட்டையும் சுரண்டுவதற்குக் கிடக்கிறது. 255 லிட்டரில் இன்னும் இருபது மீன் விடலாமே என்கிறார்கள். இது ஒன்றரை அடியாக வளரப்போகிற மீன். அதன் கழிவுக்கும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறேன். அது இன்னும் பத்து வருடமாவது இருக்கும், எனக்குப் பிறகு பேத்தி பார்த்துக்கொள்வதாக எழுதியே கொடுத்திருக்கிறாள்.

அன்றைக்கு ஏரிக்கரையில் கேள்வி கேட்ட அம்மா இதைப் படித்தால்: நீ கேட்டது சரியான கேள்வி. நான் சொன்னது தவறான பதில். எல்லோர் முன்னாலும் சிரிக்க வைத்ததற்கு மன்னித்துவிடு. குத்தகை எடுக்கும் தம்பிக்கு நேற்றே போன் செய்து சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நானும் கை தட்டினேன் சார்" என்றார்.

வாளியைத் தூக்கி வந்தவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அன்று விட்டது மூன்று மீனா, நான்கா? எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை. தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.