ரெண்டு ஜி.எஸ்.டி.யும் ரெண்டு கழுகும்

எனக்கும் ஜி.எஸ்.டி.க்கும் ஜாதகப் பொருத்தம் இருக்க வேண்டும். குடியிருப்பது ஜி.எஸ்.டி. ரோட்டோரம், பொத்தேரியில். சாப்பிடுவது 2017-ல் வந்த இன்னொரு ஜி.எஸ்.டி.யில். 'பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைக்கு எழுதுகிறேன்' என்றால் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள் என்பதால், நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன். (எழுதுவதும் ஒரு தொழில்தான் என்பதை மாமனார் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.) ஒரு ஜி.எஸ்.டி.யில் லாரி மேலே வந்து மோதும். மற்றதில் கடைசித் தேதி வந்து மோதும். அவ்வளவுதான் வித்தியாசம்.

போன மே மாதம் மோதியது, அக்னி நட்சத்திரத்தின் நடுவில்.

மே மாதம் வந்தால் பொத்தேரிக்குத் தனிக் களை. எஸ்.ஆர்.எம். பிள்ளைகள் பரீட்சை முடிந்து பெட்டி படுக்கையோடு ஊருக்குப் போய்விடுவார்கள். செங்கல்பட்டு லோக்கலில் உட்கார இடம் கிடைக்கும். ஜெராக்ஸ் கடைக்காரர் மெஷின் மேலேயே தலை வைத்துத் தூங்குவார். நாமும் அப்பாடா என்று காலை நீட்டலாம் என்று பார்த்தால், விருந்தாளிகள் வந்துவிடுவார்கள்.

முன்பெல்லாம் தென் மாவட்டத்துச் சொந்தக்காரர்கள் எங்கள் ஊரைத் தூக்கத்திலேயே கடந்து கோயம்பேட்டில் போய் இறங்குவார்கள். அங்கிருந்து திரும்பி வர சோம்பல் பட்டுக்கொண்டு வேறு யார் வீட்டுக்காவது போவார்கள். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் பஸ் நிலையம் திறந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்! "நம்ம பையன் வீடு பக்கத்துலதான்" என்று இப்போது நேராக இறங்கிவிடுகிறார்கள்.

அந்த வாரம் மதுரையிலிருந்து சித்தப்பா, சித்தி, ரெண்டு வாண்டுகள். வாண்டுகளுக்கு வண்டலூரில் புலி பார்க்கணும். நானும் பெருந்தன்மையாகச் செவ்வாய்க்கிழமை கூட்டிக்கொண்டு போனேன். மூடியிருந்தது. "அண்ணே, செவ்வாய்க்கிழமை லீவுன்னு போர்டுல போட்டிருக்கே, உனக்குப் படிக்கத் தெரியாதா?" என்றது சின்னது. பத்து வருஷமாகப் பத்திரிகையில் எழுதுகிறவனைப் பார்த்துக் கேட்ட கேள்வி.

மறுநாள் அவர்களை மாமல்லபுரத்துக்கு அனுப்ப ஏற்பாடு. நான் போக முடியாது. அன்றைக்கு 20-ம் தேதி, 3பி ரிட்டர்ன் கடைசி நாள். என் மனைவி கூடப் போனாள். அம்மா மட்டும் கிளம்பவில்லை.

"நீ வர்றப்போ வர்றேன்டா."

அம்மாவுக்கு அறுபத்து மூணு. முழங்கால் வலி. நான் கையைப் பிடித்துக்கொண்டால்தான் பஸ் படி ஏறுவாள். 'சரிம்மா, ஞாயிற்றுக்கிழமை' என்றேன், லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நாலு ரிட்டர்ன் சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. மிச்சம் ஹார்டுவேர் கடை அண்ணாச்சி. வரியெல்லாம் கட்டியாகிவிட்டது, அவர் செல்லுக்கு வரும் ஓ.டி.பி.யைச் சொன்னால் போதும். அண்ணாச்சியோ தென்காசிப் பக்கம் கோயில் கொடைக்குப் போயிருந்தார். போனில் முதலில் மேளம், பிறகு வில்லுப்பாட்டு, கடைசியில் அண்ணாச்சி.

"தம்பி, என்னமோ நம்பர் வந்திருக்கு. கண்ணாடி இல்ல பாத்துக்கோ. நாலா, ஒம்பதான்னு தெரியல."

"பக்கத்துல சின்னப் பையன் யாராவது இருந்தா குடுங்கண்ணாச்சி!"

"எல்லாரும் சாமியாடப் பாக்கப் போயிட்டானுவ தம்பி."

நாலும் போட்டேன், ஒன்பதும் போட்டேன். பன்னிரண்டு மணி அடித்துவிட்டது. நாளொன்றுக்கு ஐம்பது ரூபாய் தாமதக் கட்டணம். அதை யார் கட்டியது என்று கேட்காதீர்கள்.

இந்தக் களேபரத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கு ரெண்டு வேலைகள் சேர்ந்துவிட்டன. ஒன்று, ஒரு மெஸ்ஸின் வருஷக் கணக்கு. இன்னொன்று, திங்கட்கிழமைக்குள் தர வேண்டிய கட்டுரை. விருந்தாளிகளை வெள்ளிக்கிழமை பஸ் ஏற்றிவிட்டு வந்து, அம்மாவிடம் மெதுவாக ஆரம்பித்தேன்.

"அடுத்த ஞாயிறு வெச்சுக்கலாமாம்மா?"

அம்மா கோபப்படவில்லை. "உங்கப்பா மாதிரியே சொல்றே" என்றாள். "எனக்கு மகாபலிபுரம்கூட வேணாம்டா. திருக்கழுக்குன்றம் போகணும். கழுகு வந்து உக்காந்த இடத்தையாவது பாத்துட்டு வரலாம்."

இது எங்கள் வீட்டில் பழைய வழக்கு. அப்பா மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தார். கல்யாணம் 1986-ல். அந்தக் காலத்தில் திருக்கழுக்குன்றம் மலையில் உச்சிவேளைக்கு ரெண்டு கழுகுகள் வந்து, குருக்கள் கொடுக்கும் சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டுப் போகும். காசியிலிருந்து ராமேஸ்வரம் போகிற வழி என்பார்கள். அப்பா பிரம்மச்சாரியாக இருக்கும்போதே பார்த்தாயிற்று. நான் ஸ்கூல் எக்ஸ்கர்ஷனில் பார்த்தேன். அம்மாவுக்கு மட்டும் ஒவ்வொரு வருஷமும் 'மார்ச் முடியட்டும்', அப்புறம் 'ஆடிட் முடியட்டும்', அப்புறம் 'வெயில் தாழட்டும்'. கம்பெனிக் கணக்கு மாதிரி அம்மாவின் கழுகையும் அப்பா கேரி ஃபார்வர்டு செய்துகொண்டே வந்தார். 1998-க்குப் பிறகு கழுகுகள் வரவில்லை. அந்த ஊர்ச் சங்குத் தீர்த்தத்தில் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சங்கு பிறக்கும். எங்கப்பாவுக்குப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிறக்கவில்லை.

ராத்திரி தூக்கம் வரவில்லை. கழுகைப் பற்றியாவது தெரிந்துகொள்ளலாமே என்று தேடினேன். அது கழுகே இல்லை; மஞ்சள்முகப் பாறு, பிணந்தின்னிக் கழுகு ஜாதி. தொண்ணூறுகளில் இந்தியா முழுக்கப் பாறுகள் கொத்துக் கொத்தாகச் செத்திருக்கின்றன. முக்கியக் காரணம், மாட்டுக்கு வலி குறைய போட்ட டைக்ளோஃபினாக் மருந்து. செத்த மாட்டைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் போய்விடும். 2006-ல்தான் மாட்டுக்கு அதைப் போடத் தடை வந்தது. திருக்கழுக்குன்றத்து ஜோடி எதனால் வரவில்லையோ, அது அந்த மலைக்குத்தான் வெளிச்சம்.

கணக்கு எழுதுகிறவனுக்கு எந்தச் சீட்டையும் திருப்பிப் பார்க்கிற வியாதி உண்டு. அலமாரியில் அம்மாவின் முழங்கால் மாத்திரை இருந்தது. அட்டையைத் திருப்பினேன். டைக்ளோஃபினாக்.

காலையில் அப்பாவிடம் மட்டும் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நாளைக்கு முதல் வண்டி எத்தனை மணிக்கு?" என்றார்.

மெஸ்காரருக்குப் போன் செய்து, 'செவ்வாய்க்கிழமை தர்றேன்' என்றேன். "அதுக்கென்ன சார், நான் அவசரமே படலியே" என்றார்! யோசித்துப் பார்த்தால், அவசரம் என்று அவர் எப்போதும் சொல்லவே இல்லை.

ஞாயிறு விடியற்காலை வண்டி. பொத்தேரியிலிருந்து ஐந்தாவது ஸ்டேஷன் செங்கல்பட்டு. கொளவாய் ஏரி வந்ததும் அம்மா ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். அங்கிருந்து பஸ்ஸில் பதினைந்து கிலோமீட்டர் போல. மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் மலை ஏறினாள். எதிரில் வந்தவர்களெல்லாம் 'பாத்தும்மா, மெதுவா' என்றார்கள். பத்துப் படிக்கு ஒருமுறை உட்கார்ந்தாள். அப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், என் மனைவி குடையும் தண்ணீரும். சாமி கும்பிட்டுவிட்டு அந்தப் பாறையை அப்பா காட்டினார்.

"இங்கதான் உக்காரும். குருக்கள் கிண்ணத்தைத் தட்டுவார். அந்தப் பக்கத்துலேர்ந்து வட்டம் போட்டு இறங்கும். ஒண்ணு சாப்பிடறப்போ இன்னொண்ணு ஒதுங்கி நிக்கும்."

பேச்சே வராத மனுஷர், கழுகு இறங்குகிற மாதிரி கையை விரித்தெல்லாம் காட்டினார். அம்மா பாறையைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிழலில் உட்கார்ந்தோம். வானத்தில் ஏதோ ஒன்று வட்டமடித்தது. "அதுவா?" என்றாள் அம்மா. "இல்ல, அது பருந்து" என்றார் அப்பா. "பரவால்ல" என்று சொல்லி, அது மறைகிறவரை பார்த்தாள்.

கீழே இறங்கும்போது மணி பதினொன்றரை. இன்னும் பதினைந்து கிலோமீட்டர் போனால் மாமல்லபுரம். என் செல் அடித்தது. அண்ணாச்சி! கொடை முடிந்து வந்துவிட்டாராம். "தம்பி, கண்ணாடி கெடச்சிட்டு. இப்ப நம்பர் அனுப்பச் சொல்லு."

"மகாபலிபுரம் வேணும்னா அடுத்த வாரம்..." என்று அப்பா ஆரம்பித்தார்.

அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துகொண்டாள். "ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. நான் அடுத்த வாரம் வரைக்கும் இங்கேயே இருக்கேன்."

செல்லை அணைத்துப் பையில் போட்டேன். மாமல்லபுரம் பஸ்ஸில் மூன்று சீட்தான் இருந்தது. நான் நின்றுகொண்டே போனேன்.