சதுப்பு நிலத்து அயலவர்கள்

எங்கள் வீட்டு முகட்டில் ஜின் இருப்பதாக முதலில் சொன்னவர் பக்கத்து வீட்டு ராத்தாதான். நடுச்சாமத்தில் தடதடவென்று ஓடும் சத்தம். பிறகு சற்று நேரம் ஒரு சத்தமும் இல்லை. அதற்குப் பிறகு, அடுப்பே மூட்டாத அந்த வேளையில், குசினிப் பக்கமிருந்து ரம்பை போட்டுச் சோறாக்கியது போல ஒரு வாசம். ஒரு நாள் இரவு எங்களோடு தங்கியிருந்த ராத்தாவுக்கும் அந்த வாசம் பட்டுவிட்டது. உடனே ஆயத்துல் குர்ஸியை ஓத ஆரம்பித்தவர், விடிந்ததும், "இது லேசான விசயமில்ல புள்ள. யாரையாவது கூப்பிட்டு ஓதிப் பாருங்கோ" என்றார்.

மூன்று நாள் ஓதினோம். நான்காம் நாள் வயர் திருத்த வந்த சிங்களப் பையன் கூரைத் தகட்டை நீக்கித் தலையை உள்ளே விட்டான். சிரித்துக்கொண்டே இறங்கி, "உகுடுவா" என்றான். மரநாய். அதன் உடம்பிலிருந்து வரும் வாசம் ரம்பை வாசத்தைப் போலவே இருக்குமாம். ஓதியது வீண்போகவில்லை, நன்மை கிடைத்திருக்கும். மரநாய்தான் போகவில்லை.

கொலன்னாவையில் இந்தக் காணியை நாங்கள் வாங்கியது 1999இல். அதற்கு முன் தெமட்டகொடையில், ஒரே வளவுக்குள் ஐந்து குடும்பங்களாக இருந்தோம். பிள்ளைகள் ஓடி விளையாட ஒரு முழம் முற்றமில்லை. பத்துப் பேர்ச் காணி, அதுவும் எங்கள் கைக்கெட்டிய விலையில் கிடைக்கிறது என்றதும் என் கணவர் யோசிக்கவே இல்லை. லொறி லொறியாக மண் கொட்டி நிரப்பிய இடம் அது. பின்பக்கம் ஒரு கான். கானுக்கு அப்பால் பன் புல்லும், வெல்ஆத்தை மரங்களும், அவற்றின் நடுவே கறுத்த தண்ணீருமாகப் பார்வை போகுமட்டும் சதுப்பு நிலம். கொழும்பிலிருந்து சில மைல் தூரத்தில் இப்படியொரு இடமா என்று முதல் நாள் நான் வாய் பிளந்து நின்றேன்.

முன்வீட்டுச் சிங்கள முதியவருக்கு அப்போதே எழுபது தாண்டியிருந்தது. எங்கள் ஹோலுக்கு வந்து அமர்ந்து தேநீர் குடிக்கும்போதெல்லாம், "இந்தக் கதிரை இருக்கிற இடத்தில்தான் எங்கள் அப்பா நாற்று நட்டார்" என்பார். குறையாகச் சொல்லமாட்டார். நேற்று நடந்ததைச் சொல்வது போலச் சொல்வார். எனக்குத்தான் அந்தக் கதிரையில் இருக்க ஒரு மாதிரியாக இருக்கும்.

வீடு குடிபுகுந்த அன்று கத்தம் ஓதி முடித்து சஹனில் சோறு வைக்கும் நேரம், அழைக்காமலே ஒருவர் வந்தார். ஐந்தடி நீளக் கபரகொய்யா. குசினி வாசலால் நுழைந்து, நாக்கை நீட்டி நீட்டி, யாரையும் சட்டை பண்ணாமல் நடந்தது. பெண்கள் எல்லோரும் மேசைமேல். என் மாமி மட்டும் தும்புத்தடியைத் தரையில் தட்டித் தட்டி அதை வந்த வழியே அனுப்பி வைத்தார். கபரகொய்யா மனிதரைத் தேடி வந்து கடிக்கும் பிராணியல்ல. நெருக்கிப் பிடித்தால்தான் வாலால் அடிக்கும், கடிக்கும். கானில் செத்துக் கிடப்பவற்றையும், நண்டு, நத்தைகளையும் தின்று துப்புரவாக்குவது அதுதான். அது மட்டும் இல்லாவிட்டால் நாங்கள் கொட்டும் குப்பைக்கு இந்தப் பக்கம் மூக்கை வைக்க முடியாது.

தலங்கமையில் இருக்கும் என் தங்கைக்கு வேறு விருந்தாளி. மாமரத்தில் பிஞ்சு வைத்தால் ஊதாமுகக் குரங்குகள் ஓட்டின்மேல் குதித்துக்கொண்டு வந்துவிடும். "ஓடு மாத்தியே நாங்க ஏழையாகிட்டோம்" என்பாள். இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத குரங்கு அது. அதிலும் மேல்மாகாணத்தில் வாழும் இனம், உலகில் மிகவும் அழிவை எதிர்நோக்கும் குரங்கினங்களின் பட்டியலில் பலமுறை இடம்பெற்றது. இதை அவளிடம் சொன்னால், "அப்ப அந்தப் பட்டியல் போட்டவங்கள ஓடு வாங்கித் தரச் செல்லுங்க" என்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இல்லாமலில்லை.

2016 மே மாதம் களனி கங்கை பெருகியது. வெல்லம்பிட்டி, கொலன்னாவை, கடுவலை எல்லாம் தண்ணீரில் கிடந்தன. எங்கள் ஹோலில் இடுப்பளவு தண்ணீர். பிள்ளைகளையும் மாமியையும் தோணியில் ஏற்றிக்கொண்டு பள்ளிவாசலின் மேல்மாடிக்குப் போனோம். ஸுப்ஹு நேரம் யன்னலால் எட்டிப் பார்த்தேன். மூழ்காமல் தலைகாட்டிய மதில் துண்டொன்றின்மேல் ஒரு கபரகொய்யா. அதற்குச் சற்றுத் தள்ளி, உடம்பெல்லாம் நனைந்த ஒரு வீட்டுப் பூனை. இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை. எங்களைப் போலவே தண்ணீர் வடியும் வரை காத்திருந்தன.

கொழும்பைச் சுற்றியுள்ள சதுப்பு நிலங்கள் மழைத் தண்ணீரைத் தாங்கி வைத்திருக்கும் பாத்திரங்கள் என்பதை அந்த நாட்களில்தான் விளங்கிக்கொண்டேன். கொலன்னாவை, ஹீன், கோட்டை ஆகிய மூன்று சதுப்பு நிலங்கள்தான் பெரும் மழையின் சுமையைத் தாங்குகின்றன. நிரப்ப நிரப்பப் பாத்திரம் சிறுக்கிறது. 2010 நவம்பர் மழையில் பாராளுமன்றமே தண்ணீருக்குள் நின்றது பலருக்கு நினைவிருக்கும். பாத்திரத்தைச் சிறுக்க வைத்தவர்களில் நாங்களும் பத்துப் பேர்ச் அளவுக்குச் சேர்த்தி. வேறு யாரையும் குற்றம் சொல்லிவிட்டு இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

இனி 2018க்கு வருகிறேன். அந்த வருடம் ஜூலை தொடக்கம் எங்கள் கோழிகள் ஒவ்வொன்றாகக் காணாமற் போயின. மூன்று வாரத்தில் நான்கு. முட்டை விற்று என் கையில் வைத்திருந்த சில்லறைக் காசு போயிற்று. நாய் என்றார்கள், கீரி என்றார்கள். ஒரு நாள் இரவு டோர்ச் அடித்த என் கணவர் கானோரத்தில் அதைக் கண்டார். வீட்டுப் பூனையைப் போல இரண்டு மடங்கு பருமன். கட்டைக் கால், கட்டை வால், சாம்பல் நிற உடம்பில் வரிசையாகக் கரும்புள்ளி. ஓடி ஒளியாமல் நின்று பார்த்துவிட்டு, தண்ணீருக்குள் இறங்கி நீந்திப் போனதாம்.

சிங்களத்தில் இதை ஹந்துன் திவியா என்பார்கள். திவியா என்றால் சிறுத்தை. அந்தப் பெயராலேயே எங்கள் தெருவில் பாதிப்பேர் பயந்து போனார்கள். உண்மையில் இது மீன்பிடிப் பூனை. விரல்களுக்கிடையே ஓரளவு சவ்வு உண்டு; தண்ணீரில் பாய்ந்து மீன் பிடிக்கும். தவளை, எலி, நண்டு எல்லாம் இதன் இரை. கோழிக்கூடு திறந்து கிடந்தால் அதையும் விடாது. கொழும்பின் மீன்பிடிப் பூனைகளைப் பல வருடங்களாக ஆராய்ந்து வருபவர் அன்யா ரத்நாயக்க என்ற பெண்மணி. கழுத்தில் பட்டி மாட்டி அவற்றின் இரவுப் பயணத்தைப் பின்தொடர்ந்ததில், கால்வாய்கள் மட்டுமல்ல, வீட்டு மதில்களும் கூரைகளும் தோட்டத்து மீன் தொட்டிகளும்கூட அவற்றின் பாதையில் வருவது தெரிந்தது. நாம் உறங்கும் நேரத்தில் நம் தலைக்கு மேலால் நடந்து போகின்றன.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று என் கணவர் ஹார்ட்வெயார் கடையிலிருந்து நஞ்சு வாங்கி வந்தார். செத்த கோழியில் தடவி வைப்பதாக ஏற்பாடு. "பெருநாள் முடியட்டும், விருந்தாளிகள் போன பிறகு வைங்க" என்று நாள் குறித்துக் கொடுத்தவள் நான்தான். பக்கற்றை அலுமாரியின் மேல்தட்டில் பிள்ளைகளுக்கு எட்டாமல் வைத்தேன்.

ஆகஸ்ட் 22 ஹஜ்ஜுப் பெருநாள். மறுநாள் உழ்ஹிய்யா கழிவுகளைப் புதைத்துவிட்டு வருமாறு மகன்மாரை அனுப்பினேன். (எங்கள் தெருவில் எல்லோரும் புதைப்பதில்லை. குடல்களைப் பையோடு கானுக்குள் எறிந்துவிட்டு, பிறகு நாயும் கபரகொய்யாவும் வருகின்றன என்று முறையிடுகிறோம்.) அரை மணித்தியாலத்தில் இருவரும் ஓடி வந்தார்கள். பெரியவனின் சேர்ட்டுக்குள் இரண்டு குட்டிகள். கண் திறந்து சில நாட்களே இருக்கும். சின்னவனின் கையில் நகக் கீறல், இரத்தம்.

முதலில் கையைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணித்தியாலம் கழுவினேன். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டோம். காட்டுப் பிராணியின் கீறலைச் சிறிதென்று விட்டுவிடக் கூடாது, சகோதரிகளே. மஞ்சள் பூசுவதும் கோப்பித் தூள் வைப்பதும் விசர்நோய்க்கு மருந்தாகாது.

திரும்பி வந்தபோது வீடு நிறைய ஆட்கள். சிறுத்தைக் குட்டி என்று ஒருவர் போனில் படம் பிடிக்கிறார். இன்னொருவர் விலை பேசுகிறார். தாய் வந்து கைக்குழந்தையைத் தூக்கும், அதற்கு முன் இவற்றை முடித்துவிடுங்கள் என்கிறார் ஒரு பெண். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் அலுமாரியைப் பார்த்தேன்.

மாமி அஸர் தொழுத முஸல்லாவிலிருந்து எழும்பி வந்தார். குட்டிகள் இரண்டும் அட்டைப் பெட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து கத்திக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மகன், இதுக்கும் ஒரு உம்மா ஈக்கும்தானே?" என்றார் பெரியவனிடம். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

பிறகு, ஒரு பயணத்தில் ஸஹாபாக்கள் சிறு பறவையொன்றின் இரண்டு குஞ்சுகளை எடுத்துக்கொண்டதையும், தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்ததையும், அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னதையும் சொன்னார். அபூதாவூதில் வரும் இந்தச் செய்தியை நாங்கள் எல்லோரும் பயானில் கேட்டதுதான். அன்றைக்கு மட்டும் புதிதாகக் கேட்பது போல இருந்தது. விலை பேசியவர் ஸலாம் சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு மகள் போன் எடுத்தாள். எடுத்த இடத்திலேயே வையுங்கள், மாட்டுப்பால் கொடுக்காதீர்கள், கிட்ட நிற்காதீர்கள், விடியும்வரை தாய் வராவிட்டால் அறிவியுங்கள் என்றார்கள். மஃரிபுக்குச் சற்று முன் பன் புல்லின் ஓரத்தில் பெட்டியைச் சரித்து வைத்துவிட்டு வந்தோம். வீட்டில் பின்பக்க லயிட்டுகளை எல்லாம் அணைத்தோம்.

இஷா முடிந்தது. பத்து மணியானது. குட்டிகளின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்று யாரோ சொன்னது என் நெஞ்சைப் போட்டு அரித்தது. இரண்டு நாள் கழித்து நான் குறித்த நாளில் நஞ்சு வைத்திருந்தால், இந்தக் குட்டிகள் இப்படித்தானே கத்திக் கத்தி ஓய்ந்திருக்கும்? அந்தத் தாய் எங்கள் கோழியைத் தூக்கியது எவருக்காக என்பதும் அப்போதுதான் உறைத்தது.

பத்தரைக்குப் பிறகு புல் அசைந்தது. நிலா வெளிச்சத்தில் கானோரமாக வந்தது. நின்றது. நாங்கள் யன்னலில் மூச்சுவிடவில்லை. ஒரு குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு போய்விட்டது. மற்றது தனியாகக் கத்தியது. பத்து நிமிடம், இருபது நிமிடம். சின்னவன் அழ ஆரம்பித்துவிட்டான். மாமி தஸ்பீஹ் உருட்டியபடி, "வரும், வரும்" என்றார். ஏறக்குறைய நாற்பது நிமிடத்துக்குப் பிறகு வந்தது.

அடுத்த நாள் என் கணவர் நஞ்சுப் பக்கற்றைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தார். அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டு வலைக்கம்பி வாங்கி, கூட்டுக்கு மேலேயும் கீழேயும் அடித்தார். மஃரிபுக்கு முன் கோழியை அடைப்பது மகளின் வேலையானது. அதற்குப் பிறகு ஒரு கோழியும் போகவில்லை. இவ்வளவு லேசான வேலையை முதல் கோழி போன அன்றே செய்திருக்கலாம்.

அதே வருடம் ஒக்டோபரில், துபாயில் நடந்த மாநாட்டில், உலகின் முதல் பதினெட்டு ராம்சார் ஈரநில நகரங்களில் ஒன்றாகக் கொழும்பு அறிவிக்கப்பட்டது. தலைநகரொன்று இந்தப் பெயரைப் பெற்றது அதுவே முதல் தடவை. பள்ளிக்கூட விடுமுறையில் பிள்ளைகளோடு கோட்டைப் பக்கம் பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குப் போனோம். தண்ணீருக்கு மேலால் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். நீர்க்காகம் சிறகு உலர்த்துவதையும் நீலத் தாழைக்கோழி புல்லுக்குள் நடப்பதையும் கிட்ட நின்று பார்க்கலாம். குடும்பத்தோடு ஒரு காலைப்பொழுதுக்கு நல்ல இடம். மாமி பன் புல்லைத் தொட்டுப் பார்த்து, தன் சின்ன வயதில் பாய் இழைத்த கதையைச் சொல்லிக்கொண்டே நடந்தார். மீன்பிடிப் பூனையைக் காணவில்லை. "அது நம்மட ஊட்டுப் பின்னாலதானே ஈக்கி, இங்க வந்து ஏன் தேடுறீங்க?" என்றார் மாமி.

மாமி 2022இல் மௌத்தானார். 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் பின்வேலி முழுவதும் சரிந்தது. தண்ணீர் வடிந்த பிறகு மதில் கட்ட முடிவு செய்தோம். கானோரமாக மதிலின் அடியில் ஒரு முழ அகலத்துக்கு ஓர் ஓட்டை விடச் சொன்னார் என் கணவர். தண்ணீர் போவதற்கு இவ்வளவு பெரிய ஓட்டை எதற்கு என்று மேசன் பாஸ் கேட்டார்.

"தண்ணிக்கும்தான்" என்றார் இவர்.