தலையாய் இருந்த நாகை

தென்னாட்டு இருப்புப்பாதையின் வரலாறு என்றவுடன் பெரும்பாலோர் சென்னை இராயபுரத்தையே நினைப்பர். 1856 ஆம் ஆண்டில் அங்கிருந்து ஆர்க்காட்டுச் சீமையை நோக்கிப் புறப்பட்ட வண்டியே தென்னகத்தின் முதல் பயணிகள் வண்டி, அதில் ஐயமில்லை. ஆனால் அடுத்த ஐந்தாண்டுகளில், காவிரி கடலோடு கலக்கும் நாட்டின் கோடியிலிருந்து மற்றொரு பாதை மேற்கு நோக்கி நீண்டதைப் பலர் அறியார். அப்பாதையின் தலை நாகப்பட்டினம். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாய் அப்பாதையின் சோற்றை உண்டு வளர்ந்த குடும்பம். ஆதலால் அதன் கதையைச் சொல்ல எங்களுக்கும் சிறிது உரிமை உண்டு எனக் கருதுகிறோம்.

'கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா' என்ற இருப்புப்பாதைக் கம்பெனி 1853 இல் இங்கிலாந்தில் உருவாயிற்று. 1859 இல் நாகையில் வேலை தொடங்கியது. 1861 இல் தஞ்சை வரையிலும், 1862 இல் திருச்சிராப்பள்ளி வரையிலும் வண்டி ஓடிற்று. தொலைவு ஏறத்தாழ 125 கிலோமீட்டர். வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தால் நேரான, எளிதான வழி போலத் தோன்றும். ஆனால் மலையே இல்லாத அந்நாட்டில் தண்ணீர்தான் மலை. வெண்ணாறும் அதன் கிளைகளும், கணக்கற்ற வாய்க்கால்களும் வடிகால்களும் குறுக்கே வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாலமோ மதகோ வேண்டும். கொள்ளிடத்தில் மேலணை கட்டிப் புகழ்பெற்ற ஆர்தர் காட்டன் துரை, இந்நாட்டுக்கு இருப்புப்பாதையைவிட நீர்வழிக் கால்வாய்களே நலம் என்று ஓயாமல் வாதிட்டவர். சிக்கலுக்கும் கீழ்வேளூருக்கும் இடையே ஐப்பசி மழையில் வண்டியில் போனவர்கள், அவர் வாதத்தில் ஓரளவு நியாயம் கண்டிருப்பார்கள்!

நாகையை ஏன் தலையாகக் கொண்டார்கள்? அங்கே துறைமுகம் இருந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த தண்டவாளமும் எஞ்சினும் கடல்வழியாகவே வந்து இறங்க வேண்டும். தஞ்சை நாட்டு நெல்லும் அரிசியும் கடல்வழியாகவே இலங்கைக்கும் பிற நாடுகளுக்கும் செல்ல வேண்டும். இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. போட்ட முதலுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் வட்டி கிடைக்கும் என்று அரசாங்கமே உறுதி அளித்திருந்தது. வரும்படி குறைந்தால் குறையை நிரப்புவது இந்நாட்டு மக்கள் செலுத்திய வரிப்பணம். இலண்டனில் பங்கு வாங்கியவருக்கு நட்டம் என்பதே இல்லை. நெல் விளைவித்தவனுக்கு அப்படி உறுதி கொடுத்தவர் எவருமில்லை.

ஆயினும் நாகைக்கு அது பொற்காலம். கம்பெனியின் தலைமையிடம் அங்கே. பட்டறையும் அங்கே. எஞ்சின் பழுதுபார்க்கவும், பெட்டி கட்டவும், இரும்பு வார்க்கவும் கற்ற ஒரு தொழிலாளர் கூட்டம் அவ்வூரில் உருவாயிற்று. உழவும் மீன்பிடியும் வாணிகமும் அறிந்திருந்த ஊர், சங்கொலிக்கு எழுந்து சங்கொலிக்கு உறங்கும் பழக்கத்தைக் கற்றுக்கொண்டது.

முதலில் போட்டது அகலப் பாதை. இரு தண்டவாளங்களுக்கும் இடையே ஐந்தடி ஆறங்குலம். 1870 ஆம் ஆண்டளவில் மேயோ பிரபுவின் ஆட்சி, சிக்கனம் கருதி மீட்டர் பாதையைச் சிறப்பித்துப் பேசத் தொடங்கியது. 1874 இல் நம் கம்பெனி, 'கர்நாடிக்' கம்பெனியோடு இணைந்து 'சௌத் இந்தியன் ரயில்வே' ஆயிற்று. மறு ஆண்டே நாகை - திருச்சிப் பாதையின் அகலத்தைக் குறைத்தார்கள். போட்டுப் பதின்மூன்று ஆண்டுகளே ஆன பாதையைப் பெயர்த்துக் குறுக்கினார்கள்! தலைமையிடமும் திருச்சிக்குப் போயிற்று. சென்னையிலிருந்து மாயவரம், கும்பகோணம் வழியாகத் தஞ்சைக்கும், அப்பால் தூத்துக்குடிக்கும் மீட்டர் பாதை இணைந்தபோது, தஞ்சை பெரும் சந்திப்பாயிற்று. நாகை கிளையின் நுனியாயிற்று.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. திருவாரூரில் நாகைப் பாதையைக் குறுக்கிட்டுச் செல்லும் மாயவரம் - முத்துப்பேட்டைப் பாதை 1894 இல் திறக்கப்பட்டது. அது தஞ்சை ஜில்லா போர்டுக்குச் சொந்தம். நிலவரியோடு சேர்த்து வாங்கிய தனிவரியால் எழுந்த பாதை அது. உள்ளூர்க் குடியானவர் தம் காசில் போட்டுக்கொண்ட இருப்புப்பாதை என்று அதைச் சொல்லலாம். இவ்வளவு அருமையான முயற்சியைப் பள்ளிப் பாடங்கள் ஏன் சொல்வதில்லை என்பது எங்களுக்கு விளங்காத புதிர். நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடிக்குச் சென்ற சிறு கிளையின் கதை வேறு. 1976 இல் நின்றுபோன அது, முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து 2011 இல் மீண்டும் உயிர்பெற்றது.

தலைமையிடம் போன பின்னும் பட்டறை நாகையில் இருந்தது. 1920-களில் அதற்கும் முடிவு வந்தது. நாகையிலும் போத்தனூரிலும் இருந்த பட்டறைகளைத் திருச்சிக்கருகே பொன்மலையில் ஒரே இடத்தில் குவிக்கத் திட்டமிட்டார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரை வேலையிலிருந்து நீக்கும் எண்ணம் உடன் வந்தது. 1928 ஜூலையில் தென்னிந்திய இரயில்வேத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அம்மாத முடிவுக்குள் அது ஒடுக்கப்பட்டது. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் சிறை சென்றனர்.

எங்கள் பாட்டனார் அப்போது நாகைப் பட்டறையில் கொதிகலன் பிரிவில் இருந்தார். அவருக்குப் பொன்மலையில் வேலை கிடைத்தது. அவர் தம்பி, "கடலைப் பாராத ஊரில் எனக்கென்ன வேலை?" என்று கூறி வேலையை விட்டுவிட்டு, நாகைத் துறையிலேயே கப்பலேறிப் பினாங்குக்குப் போய்விட்டார். ஒரே வீட்டிலிருந்து ஒருவர் மேற்கே வண்டியிலும் மற்றவர் கிழக்கே கப்பலிலும் புறப்பட்டனர். அதன்பின் அவ்விருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. கடிதங்கள் மட்டும் வந்து போயின. அந்நாளில் நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று சென்று வந்த 'ரஜூலா' கப்பலின் பெயர் எங்கள் வீட்டில் உறவினர் பெயரைப்போல வழங்கியது. 1973 வரை அது ஓடிற்று. பின்னர் வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985 இல் தீக்கிரையானதோடு அந்தக் கடல்வழியும் மூடிற்று.

பாட்டிக்குப் பொன்மலை பிடிக்கவில்லை. குடியிருப்பு வீடு நன்றாயிருந்தது, குழாயில் நல்ல தண்ணீர் வந்தது, சம்பளமும் கூடிற்று. எல்லாம் இருந்தும், "நாகைக் கிணற்று நீரில் போட்ட காப்பியின் சுவை இதில் இல்லையே" என்பார். கடற்கரை ஊரின் உவர்நீரை அப்படிப் புகழ்ந்தவர் உலகில் அவர் ஒருவராகத்தான் இருக்க முடியும். ஆகஸ்டு 29 இல் வேளாங்கண்ணி மாதா கோவிலில் கொடியேறுமுன் மூட்டை கட்டிவிடுவார். நாங்கள் சிறுவர்களாய் அவரோடு சென்றதுண்டு. விடியற்காலையில் நாகையில் இறங்கினால், வேளாங்கண்ணிக்கு நேரே போக விடமாட்டார். விற்றுவிட்ட பழைய வீட்டின் வாசலில் சற்று நின்று, உள்ளே இருப்பவர்களை நலம் விசாரித்து, அவர்கள் தரும் காப்பியைக் குடித்த பிறகே தெற்கே நடக்கத் தொடங்குவோம். செபமாலை சொல்லிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்! அந்த வழி முழுதும் யாத்திரிகர் கூட்டம். பாட்டி எழுபது வயதிலும் நடந்தார்.

பிறகு பாதை மறுபடியும் அகலத் தொடங்கியது. ஈரோடு - திருச்சிப் பகுதிக்கு 1929 இலேயே பழைய அகலம் திரும்பிவிட்டது. தலைப்பகுதியான நாகை கடைசி வரை காத்திருந்தது. திருச்சி - தஞ்சை 1998 இல் மாறிற்று. அதன்பின் திருவாரூர், அதன்பின் 2010 அளவில் நாகை. 1875 இல் பறித்த இரண்டே கால் அடியை நூற்று முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அதே 2010 இன் டிசம்பரில் நாகையிலிருந்து வேளாங்கண்ணிக்குப் பத்துக் கிலோமீட்டர் புதிய பாதை திறக்கப்பட்டது. முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அது பேருதவி. பாட்டி இருந்திருந்தால் அவரும் ஏறியிருப்பார். எங்கள் பேரப்பிள்ளைகள் இப்போது மாதா கோவிலுக்கு வண்டியிலேயே போய் இறங்குகிறார்கள். நாகையில் வண்டி நிற்கும்போது அவர்களில் சிலர் உறங்கிக்கொண்டிருப்பார்கள். நாங்கள் மட்டும் சன்னலோரம் அமர்ந்து, நடைமேடைக்கு அப்பால் பட்டறை இருந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம்.