தானா சரியாயிரும்!

ராத்திரி ஒன்பது மணி. வட இந்தியாவில் உள்ள ஓர் இயற்பியல் ஆய்வகம். பெரிய எவர்சில்வர் டிரம் போன்ற ஒரு பாத்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, மீட்டரில் தெரியும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள் அந்தக் களக்காட்டுப் பெண். வயது இருபத்தாறு. பிஎச்.டி மூன்றாம் வருடம். அந்த எண் இறங்க வேண்டும். இறங்கவே இல்லை.

அந்த டிரம்முக்குப் பெயர் வெற்றிட அறை. பக்கத்தில் உள்ள முடுக்கி இயந்திரத்திலிருந்து அயனிக் கற்றை அதிவேகமாக உள்ளே வரும். நடுவில் மாட்டியிருக்கும் மெல்லிய தகட்டில் மோதிச் சிதறும். சிதறிய துகள்களை ஓரத்தில் இருக்கும் டிடெக்டர் பிடித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு ஆற்றலோடு வந்தது என்று சொல்லும். வழியில் காற்று இருந்தால் துகள்கள் அதில் மோதி ஆற்றலை இழந்துவிடும். அதனால் உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றில் நூறு கோடியில் ஒரு பங்காகக் குறைய வேண்டும்.

களக்காட்டுக்காரர்களுக்கு வெற்றிடம் அந்நியமான விஷயம் இல்லை. ஊருக்குத் தெற்கே மகேந்திரகிரியில், இஸ்ரோவின் உந்துவிசை வளாகத்தில், விண்வெளியில் எரிய வேண்டிய ராக்கெட் இன்ஜின்களை வெற்றிடச் சூழலில் வைத்துப் பற்றவைத்துப் பார்க்கிறார்கள். ககன்யானுக்கான சி.இ.20 கிரையோஜெனிக் இன்ஜினின் ஏழாவது வெற்றிடப் பற்றவைப்புச் சோதனை 2024 பிப்ரவரி 13-ல் அங்கேதான் நடந்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அந்த மலையைப் பார்த்துப் பார்த்துத்தான் அவளுக்கு இயற்பியல் மேல் ஆசை வந்தது.

அன்றைக்குக் காலையில் அவள் செய்த வேலை, டிடெக்டர் மாற்றுவது. அது ஒரு நாணய அளவில் இருக்கும் சிலிக்கான் வில்லை. துகள்கள் தொடர்ந்து வந்து மோதுவதால், சிலிக்கானில் ஒழுங்காக அடுக்கியிருக்கும் அணுக்கள் இடம் பெயர்ந்துவிடும். அப்புறம் துகள் வராதபோதும் மின்சாரம் கசியும், அளவுகள் மங்கும். எந்த டிடெக்டருக்கும் ஆயுள் அவ்வளவுதான்.

மாட்டுவதற்கு ஐந்து நிமிடம் போதும். அதற்கு முன்னால் செய்ய வேண்டியவைதான் நீளம். முதலில் டிடெக்டருக்குப் போகும் மின்னழுத்தத்தை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தம் மாறும்போது உள்ளே மின்பொறி கிளம்பி எல்லாம் வீணாகிவிடும். பிறகு வெளிக்காற்றை விடாமல், ஈரமில்லாத நைட்ரஜன் வாயுவை மெதுவாக உள்ளே விட வேண்டும். கையுறை கட்டாயம். விரல்ரேகையில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்குகூட வெற்றிடத்தில் ஆவியாகிக்கொண்டே இருக்கும். டிடெக்டரின் முகத்தைத் தொடவே கூடாது.

எல்லாம் செய்தாள். மூடியை இறக்கி, போல்ட்டுகளை எதிரெதிராக முறுக்கி, பம்ப்பை ஓடவிட்டாள். சாயங்காலத்துக்குள் வேண்டிய அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். அதைவிட நூறு மடங்கு மேலேயே நின்றுவிட்டது.

"ஈரம்தான். சுவரில் ஒட்டியிருக்கும். விட்டால் தானாக இறங்கிவிடும்" என்று கூட இருந்த மாணவனிடம் சொன்னாள். அது பொய் இல்லை. திறந்து மூடிய வெற்றிட அறையில் நீர் மூலக்கூறுகள் சுவரில் ஒட்டிக்கொண்டு சிறிது சிறிதாகத்தான் விடும். பொறுமையாக இருக்க வேண்டியதுதான்.

ஆனால், பொறுமைக்கு நேரம் இல்லை. இப்படிப்பட்ட முடுக்கிகள் டெல்லி, மும்பை, கொல்கத்தா என நாட்டில் சில இடங்களில்தான் இருக்கின்றன. பல்கலைக்கழக மாணவர்கள் விண்ணப்பித்து, மாதக்கணக்கில் காத்திருந்து நேரம் வாங்க வேண்டும். அவளுக்குக் கிடைத்தது மூன்று நாள். எட்டு மணி நேர ஷிஃப்ட் ஒன்பது. அதில் இரண்டு ஏற்கெனவே முடியப் போகிறது.

அப்போதுதான் அம்மாவின் வீடியோ கால் வந்தது.

"சாப்ட்டியாட்டி?"

"சாப்ட்டேம்மா. நீ என்ன செய்யுத?"

அம்மா திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். போன் சரிந்தபோது வலது கால் பெருவிரலில் சுற்றியிருந்த துணி தெரிந்தது.

"எம்மா, கால்ல என்ன?"

"ஒன்னுமில்லட்டி. ஏத்தன் வாழைக்குத் தண்ணி கட்டப் போனேன்லா, வரப்புல முள்ளு குத்திட்டு. மஞ்சள் வச்சிருக்கேன். தானா ஆறிரும்."

"எத்தன நாளாச்சு?"

"அது ஆச்சு, பத்துப் பதினஞ்சு நாளு. வலியே இல்லட்டி. நீ ஒன் சோலியப் பாரு."

அம்மாவுக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை நோய். வலி இல்லை என்றதும் மகளுக்கு நிம்மதிதான் வந்தது. போனை வைத்துவிட்டு மீட்டரைப் பார்த்தாள். அதே எண். 'தானா ஆறிரும்' என்ற அம்மாவின் குரலும், கொஞ்ச நேரத்துக்கு முன்னால் தான் சொன்ன 'தானாக இறங்கிவிடும்' என்பதும் சேர்ந்து கேட்டன. சுருக்கென்றது.

ஈரமா, கசிவா என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. பம்ப்புக்கும் அறைக்கும் நடுவே உள்ள வால்வை மூடிவிட்டு, நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தத்தைக் குறிக்க வேண்டும். ஈரமாக இருந்தால் முதலில் வேகமாக ஏறி, போகப்போகத் தணியும். கசிவாக இருந்தால் ஒரே சீராக ஏறிக்கொண்டே போகும். பத்து நிமிட வேலை. மூன்று வருடமாக அவளுக்குத் தெரிந்த வேலைதான். சாயங்காலமே செய்திருக்கலாம். பதிலைக் கேட்கப் பயந்துதான் செய்யாமல் இருந்தாள்.

இப்போது செய்தாள். தாளில் புள்ளிகளைச் சேர்த்தபோது, ஸ்கேல் வைத்து வரைந்ததுபோல் நேர்க்கோடு வந்தது. கசிவு.

பொறுப்பில் இருந்த மூத்த பொறியாளரை எழுப்பிச் சொன்னாள். ஹீலியம் சோதனை தொடங்கியது. காற்றில் பத்து லட்சத்தில் ஐந்து பங்குதான் ஹீலியம். அதன் அணு மிகச் சிறியது, சின்ன இடுக்கிலும் நுழைந்துவிடும். வெளியே ஒவ்வோர் இணைப்பிலும் அதைப் பீய்ச்சினால், கசிகிற இடத்துக்கு வரும்போது உள்ளே இருக்கும் காற்றை முகரும் கருவி காட்டிக்கொடுத்துவிடும். மூடியின் இடது ஓரத்தில் கருவி கத்தியது.

மறுபடி நைட்ரஜன். மறுபடி மூடியைத் தூக்கினார்கள். மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் வளையத்தின் குறுக்கே ஒரு தலைமுடி கிடந்தது. நீளமான கருப்பு முடி. தொப்பிக்குள் இருந்து நழுவி விழுந்த அவளுடைய முடி.

"என்னுடையதுதான் சார்" என்றாள். பொறியாளர் திட்டவில்லை. பதிவேட்டை எடுத்து அவள் கையில் கொடுத்து, நடந்ததை அப்படியே எழுதச் சொன்னார். அடுத்து வருபவர் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளட்டும் என்றார்.

இந்தத் துறையில் பெரிய இடங்களுக்கும் இப்படி நேர்வது உண்டு. ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வகத்தின் எல்.ஹெச்.சி.பி சோதனையில், துகள் கற்றைக்கு 5 மில்லிமீட்டர் பக்கத்தில் வெலோ என்ற டிடெக்டர் வெற்றிடத்தில் இருக்கிறது. கற்றைக்கும் அதற்கும் நடுவே கால் மில்லிமீட்டர்கூட இல்லாத அலுமினியத் தகடு. 2023 ஜனவரியில் இருபக்க அழுத்தமும் சமமில்லாமல் போய், அந்தத் தகடு வளைந்துவிட்டது. டிடெக்டர் தப்பியது. தகட்டை உடனே மாற்ற முடியாது. அந்த வருடம் முழுக்க டிடெக்டரைக் கற்றையிலிருந்து கொஞ்சம் தள்ளிவைத்தே ஓட்டினார்கள். வருடக் கடைசியில் வந்த நீண்ட விடுமுறைக் காலத்தில் தகட்டை மாற்றினார்கள்.

அவர்களும் காத்திருந்தார்கள்தான். ஆனால், குறை எங்கே, எவ்வளவு என்று அளந்து பார்த்து, எப்போது சரிசெய்வது என்று முடிவெடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். பார்க்காமலே 'சரியாகிவிடும்' என்று சொல்வதற்குப் பெயர் காத்திருப்பது இல்லை. தள்ளிப்போடுவது.

வளையத்தைத் துடைத்து மூடும்போது மணி மூன்று. பம்ப் ஓட ஆரம்பித்தது. எண் இறங்க ஆரம்பித்தது. விடியும்வரை அவளுக்குத் தூக்கம் வரவில்லை. போனில் சர்க்கரை நோயும் கால் புண்ணும் பற்றிப் படித்தாள். சர்க்கரை நோய் நீண்ட நாள் இருந்தால் பாதத்து நரம்புகள் மரத்துப்போகும். புண் உள்ளே போனாலும் தெரியாது. வலி இல்லை என்பது அங்கே நல்ல செய்தியே இல்லை.

ஆறு மணிக்குத் தம்பிக்குப் போன் போட்டாள்.

"ஏல, இன்னைக்கே அம்மைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. நாளைக்கில்ல, இன்னைக்கு."

"வேல இருக்குக்கா..."

"ஒரு நாளு லீவு போடு."

டாக்டரம்மா துணியைப் பிரித்துப் பார்த்தார். மேலே ஆறியதுபோல இருந்த புண்ணுக்குள் சீழ் கட்டியிருந்தது. சுத்தம் செய்து, மருந்து வைத்து, சர்க்கரைக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். எலும்புக்குப் போகவில்லை. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார்.

ஒன்பது ஷிஃப்டில் மூன்று போய்விட்டது. மிச்சம் இருந்த ஆறில் அவளால் எடுக்க முடிந்த அளவுகளை எடுத்தாள். ஆய்வின் ஒரு பகுதிக்கு மறுபடி நேரம் கேட்டு விண்ணப்பித்திருக்கிறாள்.

அம்மா இப்போது தினமும் ராத்திரி படுக்கும் முன் பாதத்தைத் திருப்பிப் பார்க்கிறாள். வயலுக்குச் செருப்புப் போட்டுத்தான் போகிறாள். பத்து நாள் கழித்து வீடியோ காலில் கட்டுப் பிரித்த காலைக் காட்டிவிட்டுக் கேட்டாள்:

"அது கெடக்கட்டும். ஒன் டிரம்மு சரியாயிட்டாட்டி?"

"ஆயிட்டும்மா."

"தானாவா?"

"இல்லம்மா. தெறந்து பாத்தோம்."