ஜப்பானில் சேர்ச்சுக்குப் போன கதை



எங்கள் மகளின் பழைய படம் ஒன்று இந்தக் கிழமை ஊர் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது என்று அறிந்தோம். வெள்ளைப் பஞ்சு ஒட்டிய உடுப்பு, தலையில் இரண்டு செம்மறிக் காது, பின்சுவரில் ஒரு மரச் சிலுவை. "டீச்சர்ட குடும்பம் ஜப்பானுக்குப் போய் மாறிட்டாங்களாம்" என்று ஒரு குரல்பதிவும் கூடவே வந்ததாம். இன்பொக்ஸில் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லி முடியவில்லை. அதனால் நடந்ததை ஒரே தடவையில் எழுதிவிடுகிறோம். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் என்றால் மாஸ்டர், டீச்சர், மகள் மூவரும். எழுதுவது டீச்சர். மாஸ்டர் பக்கத்தில் இருந்து பிழை பார்க்கிறார்.

ஜப்பான் அரசாங்கம் வேலை செய்யும் ஆசிரியர்களுக்கு ஒரு புலமைப்பரிசில் கொடுக்கிறது. ஐந்து வருடம் படிப்பித்திருக்க வேண்டும், வயது முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும், ஒன்றரை வருடப் படிப்பு. (ஊரில் இளம் ஆசிரியர்கள் கவனிக்கவும். இது பலருக்குத் தெரியாமலே போகிறது.) மாஸ்டருக்கு அது கிடைத்து 2022 ஒக்டோபரில் குமமோட்டோ நகரத்துக்குப் போனார். சம்பளமற்ற விடுமுறை எடுத்துக்கொண்டு சில மாதத்தில் நாங்களும் போய்ச் சேர்ந்தோம். குமமோட்டோ, ஜப்பானின் தெற்கே கியூஷு தீவில் இருக்கிறது. அங்கே பள்ளிவாசலும் உண்டு. ஜும்ஆ தவறவில்லை, கேட்பவர்களுக்காகச் சொல்கிறோம்.

மகளுக்குக் கிடைத்த பாலர் பாடசாலை வீட்டிலிருந்து ஐந்து நிமிடம். அதை நடத்துவது ஒரு லூத்தரன் சபை. 1517 இல் ஜெர்மனியில் கத்தோலிக்கத் திருச்சபையோடு முரண்பட்ட மார்ட்டின் லூதரின் வழியில் வந்த கிறிஸ்தவர்கள். முதலில் தயங்கினோம். ஆனால் சேர்க்கப் போன அன்றே, நாங்கள் வாய் திறக்கும் முன், பிள்ளை என்னென்ன சாப்பிடக்கூடாது என்று எழுதித் தரச் சொல்லி ஒரு தாளை நீட்டினார்கள். ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தோம். கடைசி நாள் வரை அந்தத் தாள் அவர்கள் குசினிக் கதவில் ஒட்டியிருந்தது.

இப்போது கிறிஸ்மஸுக்கு வருகிறோம். ஜப்பானில் நவம்பரிலேயே கடைத்தெருவெல்லாம் மின்விளக்கு, எல்லாக் கடையிலும் கிறிஸ்மஸ் பாட்டு. 24 ஆம் திகதி கேஎஃப்சி வாசலில் பெரிய வரிசை. 1974 இல் அந்தக் கம்பனி செய்த விளம்பரத்தால் வந்த பழக்கமாம் அது. அத்தோடு ஸ்ட்ரோபெரி வைத்த கிறீம் கேக். இவ்வளவு இருந்தும் 25 ஆம் திகதி அங்கே அரசாங்க விடுமுறை இல்லை, எல்லோரும் வேலைக்குப் போகிறார்கள். கிறிஸ்மஸ் என்றால் என்ன என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டோம். கொஞ்சம் யோசித்து "கேக்" என்றார். 26 ஆம் திகதி காலையில் பார்த்தால் எல்லாச் சோடனையும் கழற்றி, புதுவருடத்துக்கு மூங்கிலும் பைன் கிளையும் வைத்துவிட்டார்கள். பிறை என்றால் என்னவென்று தெரியாத ஊரில் பெருநாள் உடுப்பு மலிவு விற்பனை போடுவது மாதிரி.

அங்கே கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். அதற்கும் காரணம் இருக்கிறது. 1614 இல் நாடு முழுக்கக் கிறிஸ்தவத்தைத் தடை செய்தார்கள். இயேசு படத்தைக் காலால் மிதிக்க வைத்து, மிதிக்கத் தயங்குபவரைப் பிடிப்பார்கள். குமமோட்டோவைச் சேர்ந்த அமாகுசா தீவுகளிலும் எதிரே ஷிமாபராவிலும் 1637 இல் விவசாயிகள் கிளர்ந்தெழுந்து, அடுத்த வருடம் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். மிஞ்சியவர்கள் தலைமுறை தலைமுறையாக ஒளித்து வைத்துத் தொழுதார்கள். தடைப் பலகைகளை எடுத்தது 1873 இல்தான். போதகர் இதைச் சொன்னபோது மாஸ்டர் மெதுவாக "வீட்டில் இருந்த கிதாபுகளை எங்கே வைப்பது என்று நாமும் யோசித்தோமே" என்றார். ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

2023 நவம்பரில் பாலர் பாடசாலையிலிருந்து கடிதம் வந்தது. கிறிஸ்மஸ் நாடகத்தில் மகளுக்கு மரியாள் பாத்திரம். வீட்டில் ஒரே துள்ளல். நீலத் துணியைத் தலையில் போட்டுக் கண்ணாடி பார்த்தாகிவிட்டது. வகுப்பில் தலைக்குத் துணி கட்டத் தெரிந்த ஒரே பிள்ளை அவள்தான், அதுதான் அவர்கள் கண்ட பொருத்தம்! நாங்கள் இரவு தூங்கவில்லை. மர்யம் (அலை) அவர்களாக நடிப்பதா? ஊரில் ஒரு மௌலவிக்குக் குரல்பதிவு அனுப்பினோம். "நபிமாரையும் மர்யம் அலைஹஸ்ஸலாமையும் நடிக்கிறது சரிவராது மகள். பிள்ளையையும் அழவைக்காம, அவங்களையும் நோகடிக்காம, நல்ல முறையில சொல்லுங்க" என்றார். இரண்டாவது வசனம்தான் கஷ்டமானது.

அடுத்த நாள் பாதி ஜப்பானியமும் பாதிக் கைச்சைகையுமாகப் போதகரிடம் சொன்னோம். எங்களுக்கு அவர் சின்னவர் என்று அல்ல, மிகப் பெரியவர், அதனால்தான் நடிக்க விடமாட்டோம் என்றோம். "உங்கள் வேதத்தில் மரியாள் இருக்கிறாரா?" என்று கேட்டார். அவர் பெயரிலேயே ஒரு அத்தியாயம் இருக்கிறது, 19 ஆவது என்றோம். அவருக்கு அது புதிது. கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டார். மகள் மந்தையில் ஒரு செம்மறி ஆனாள்.

அவள் அழவில்லை. ஆனால் ஒத்திகையில் வேறு பிரச்சினையைக் கிளப்பிவிட்டாள். உம்மும்மா சொன்ன கதையில் மர்யம் (அலை) பேரீச்ச மரத்தடியில் இருந்தார்களே, மரம் எங்கே என்று கேட்டிருக்கிறாள். ஆசிரியை அவளிடமே தாளையும் கிரேயோனையும் கொடுத்து வரையச் சொல்லி, அதைத் திரைச்சீலையில் தொழுவத்துக்குப் பக்கத்தில் குத்திவிட்டார். படத்தை இன்னும் ஃபோனில் வைத்திருப்பவர்கள் இடது மூலையைப் பாருங்கள். பச்சையாகத் தெரிவது அதுதான்.

நாடகம் டிசம்பர் 16, சனிக்கிழமை. முடிந்த பிறகு, இந்தச் சபை ஜப்பானுக்கு எப்படி வந்தது என்று மாஸ்டர் போதகரிடம் கேட்டார். படிப்புக்காக அவர் பழைய பாடசாலைகளைப் பற்றித் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. குமமோட்டோவில் 1911 முதல் லூத்தரன் பாடசாலை ஒன்று இருக்கிறது. 1919 இல் தொடங்கிய அநாதைப் பிள்ளைகள் இல்லமும் இருக்கிறது. "ஆரம்பம் இங்கே இல்லை, சாகா என்ற ஊரில். நாளைக்கு அங்கேதான் எனக்குப் பிரசங்கம், வாருங்கள்" என்றார்.

காலையில் ரயில் ஏறி, ஷின்டோசுவில் மாறி, சாகாவுக்குப் போனோம். வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகவேண்டும். அந்த ஒரு காரியத்தில் எங்களுக்குப் பாதி அந்நியம் போய்விட்டது. மண்ணெண்ணெய் அடுப்பு எரிந்தது. ஆட்கள் முப்பதுக்கும் குறைவு, அரைவாசிக்கு மேல் வயதானவர்கள். கிறிஸ்மஸுக்கு முந்திய நாலு ஞாயிறுக்கும் நாலு மெழுகுதிரி, அன்று மூன்றாவது எரிந்தது. நாங்கள் கடைசி வரிசைக் கதிரையில் இருந்தோம்.

போதகர் பிரசங்கத்தில் சபையின் ஆரம்பத்தைச் சொன்னார். ஷெரர், பீரி என்ற இரண்டு அமெரிக்கர்கள் சாகாவுக்கு வந்து ஜப்பானின் முதல் லூத்தரன் ஆராதனையை நடத்திய நாள் 1893 ஏப்ரல் 2. மாஸ்டர் காதோடு மொழிபெயர்த்துக்கொண்டு வந்தவர் ஒரு இடத்தில் நின்றுவிட்டார். பிறகு சொன்னார்: "அண்டைக்கு உயிர்த்த ஞாயிறாம்."

2019 ஏப்ரல் 21 க்குப் பிறகு அந்தச் சொல்லைச் சாதாரணமாகக் கேட்க எங்களுக்கு வருவதில்லை. இரண்டு பேரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

முடிந்ததும் தேத்தண்ணி தந்தார்கள். எண்பது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஒரு மூதாட்டி பக்கத்தில் வந்து இருந்து, எந்த நாடு என்று கேட்டார். ஸ்ரீலங்கா என்றோம். அவர் முகம் மாறியது. ஈஸ்டர் அன்று உங்கள் நாட்டில் நடந்ததைப் பத்திரிகையில் படித்தோம், இங்கே எல்லோரும் சேர்ந்து ஜெபம் செய்தோம் என்றார். பிறகு எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள் சபையில் எல்லோரும் தப்பினார்களா?" என்று கேட்டார்.

அவர் எங்களைக் கிறிஸ்தவர்கள் என்று நினைத்துவிட்டார். சேர்ச்சுக்கு வந்தவர்களை வேறு என்னவென்று நினைப்பது? தலைத்துணியைக் குளிருக்குக் கட்டியது என்று எண்ணியிருப்பார்.

"ஆம், தப்பினார்கள்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்திருக்கலாம். மாஸ்டர் கோப்பையைக் கீழே வைத்தார். "நாங்கள் முஸ்லிம்கள். அதைச் செய்தவர்களும் தங்களை முஸ்லிம்கள் என்றுதான் சொன்னார்கள்" என்றார். அவருடைய ஜப்பானியம் அன்று ஒரு பிழையும் இல்லாமல் வந்தது.

மூதாட்டி கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தாய்ஹென் தெஷிதா நே" என்றார். ஜப்பானில் நாளுக்குப் பத்துத் தடவை கேட்கிற வசனம் அது. மழையில் நனைந்து வந்தவருக்கும் சொல்வார்கள், மையித்து வீட்டிலும் சொல்வார்கள். கஷ்டப்பட்டிருப்பீர்கள் என்று அர்த்தம்.

திரும்பி வரும் ரயிலில் இரண்டு பேரும் ஒரே ஆளைத்தான் நினைத்திருந்தோம் என்பது வீட்டுக்கு வந்து பேசும்போது தெரிந்தது. கலாசாலையில் எங்கள் பட்ச்சில் இருந்த மட்டக்களப்பு டீச்சர். விடுதியில் ஒரே அறை. நோன்புக் காலத்தில் கஞ்சிக்கு முதல் ஆளாகக் கோப்பையை நீட்டுவார். எங்கள் கலியாணத்துக்கு இரண்டு நாள் முந்தியே வந்து நின்றவர். அந்த ஞாயிறு மட்டக்களப்பில் குண்டு வெடித்த தேவாலயத்தில் அவருடைய அக்காவின் பிள்ளை இருந்தது. உயிர் தப்பியது, ஆனால் நீண்ட நாள் ஆஸ்பத்திரியில்.

நாங்கள் போகவில்லை. போகாதது மட்டுமல்ல, ஒரு கோல் எடுக்கவும் இல்லை. முதல் கிழமை ஊரடங்கு. பிறகு வெட்கம், என்ன முகத்தோடு கதைப்பது என்று. பிறகு மே மாதம் எங்கள் ஆட்களின் கடைகளை எரித்தார்கள், எங்களுக்கே பயம் என்று சொல்லிக்கொண்டோம். பயம் உண்மைதான். ஃபோனைத் தொடமுடியாத அளவு பயம் இருக்கவில்லை. அதற்குப் பிறகு, இவ்வளவு நாள் பேசாமல் இருந்துவிட்டு இப்போது எப்படி என்ற கணக்கு. அந்தக் கணக்கு வருடா வருடம் கூடிக்கொண்டே போகும், குறையாது.

24 ஆம் திகதி ஞாயிறு, குமமோட்டோ சபையில் இரண்டு தடவை. காலை ஆராதனையில் அப்பமும் திராட்சை ரசமும் கொடுத்தபோது எங்கள் இடத்திலேயே இருந்தோம். போதகர் முன்கூட்டியே, ஞானஸ்நானம் எடுக்காதவர்கள் விரும்பினால் ஆசீர்வாதத்துக்கு வரலாம், இல்லாவிட்டால் இருக்கலாம் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மதியம் ஆளுக்கொரு கறி கொண்டுவந்து சாப்பிடுவது. முந்திய நாள் ஒரு அம்மா தொலைபேசியில் எடுத்து, மிரின் போடலாமா என்று கேட்டார். மிரின் என்பது சமையலுக்குப் போடும் இனிப்பு அரிசி மது. வேண்டாம் என்றதும், அப்படியானால் இகினாரி டாங்கோ செய்கிறேன் என்று கொண்டுவந்தார். வத்தாளங்கிழங்குத் துண்டும் சிவப்பு அவரைக் களியும் மாவில் பொதிந்து அவிப்பது, குமமோட்டோ பலகாரம். கொழுக்கட்டைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுவிட்ட சகோதரம். மகள் நாலு சாப்பிட்டாள்.

இரவு மெழுகுதிரி ஆராதனை. வாசல் பலகையில் ஒரு படம் ஒட்டியிருந்தது. பெத்லஹேமில் உள்ள லூத்தரன் தேவாலயத்தில் அந்த வருடம் வைத்த தொழுவம்: வைக்கோல் இல்லை, உடைந்த கொங்கிரீட் துண்டுகள். நடுவில் பலஸ்தீனக் கட்டம் போட்ட கூஃபியாவில் சுற்றிய குழந்தை பொம்மை. காஸாவுக்காகப் பெத்லஹேமில் அந்த வருடம் கொண்டாட்டம் எல்லாம் நிறுத்திவிட்டார்கள். பலஸ்தீனில் லூத்தரன்கள் இருக்கிறார்கள் என்பதே எங்களுக்கு அந்தப் பலகையின் முன்னால்தான் தெரியும். இரண்டு மாதமாக ஒவ்வொரு இரவும் செய்தி பார்த்து அழுதிருந்தோம், இது மட்டும் கண்ணில் படவில்லை. அன்றைய காணிக்கை காஸாவுக்கு என்றார்கள். ஆயிரம் யென் போட்டோம்.

விளக்கை அணைத்து, ஒரு திரியிலிருந்து அடுத்ததற்கு நெருப்பைக் கொடுத்தார்கள். எங்களிடமும் வந்தது, வாங்கி அடுத்தவருக்குக் கொடுத்தோம். அவர்கள் பாடினார்கள். நாங்கள் பாடவில்லை, ஆமீன் சொல்லவில்லை, எழுந்து நின்றோம். இதில் எது கூடும், எது கூடாது என்று சொல்ல எங்களுக்கு இல்ம் இல்லை. செய்ததை மறைக்காமல் எழுதியிருக்கிறோம். தவறு இருந்தால் அல்லாஹ் மன்னிக்கட்டும். இல்ம் உள்ளவர்கள் இன்பொக்ஸில் எங்களிடம் சொல்லுங்கள், குழுக்களில் அல்ல.

அன்றிரவு மட்டக்களப்பு டீச்சருக்கு எழுதினோம். நாலு தடவை எழுதி அழித்தோம். கடைசியில், கிறிஸ்மஸ் வாழ்த்து, 2019 இல் நாங்கள் வந்திருக்க வேண்டும், வரவில்லை, மன்னியுங்கள் என்று மட்டும் அனுப்பினோம். அடுத்த நாள் பதில் வந்தது. "நம்பர் மாத்திட்டீங்களா? நன்றி. ஊருக்கு வந்தா வாங்க." அவ்வளவுதான். அதைப் பல தடவை வாசித்தோம், கோபமா இல்லையா என்று பிடிபடவில்லை.

2024 நோன்புப் பெருநாள் கழிந்த கிழமை வட்டிலப்பம் அவித்துக்கொண்டு போனோம். கேற்றைத் திறந்து எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அஞ்சு வருசம் எடுத்திருக்கு உங்களுக்கு" என்றார். "ஓம்" என்றோம். "வெயிலுக்க நிக்காம உள்ள வாங்க" என்று வட்டிலப்பத்தை வாங்கிக்கொண்டு போனார். அக்காவின் பிள்ளை தேத்தண்ணி கொண்டுவந்தாள். பெரிய பிள்ளையாகிவிட்டாள். ஒரு பக்கக் காது சரியாகக் கேட்பதில்லை, மற்றப் பக்கம் திரும்பித்தான் கதைக்கிறாள். அந்த நாளைப் பற்றி அவர்களும் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை. ஜப்பான் கதைதான். செம்மறிப் படத்தைக் காட்டியபோது டீச்சர் சிரித்துவிட்டார். பிள்ளை ஃபோனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்து, "இது என்ன, பனைமரமா?" என்று கேட்டாள். எங்கள் மகளுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே.

இனி ஒரு வேண்டுகோள். அந்தப் படத்தைக் குழுக்களில் வைத்திருப்பவர்கள் அழித்துவிடுங்கள். எங்களைப் பற்றிய பயத்தில் கேட்கவில்லை. அதில் இன்னும் ஏழு பிள்ளைகளின் முகம் தெரிகிறது. வெளியில் பகிரமாட்டோம் என்று அந்தப் பாலர் பாடசாலைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். குடும்பத்துக்குள் அனுப்பியது எப்படி வெளியே போனது என்று தெரியவில்லை, அது எங்கள் கவனயீனம். அந்தக் குரல்பதிவைப் போட்டவர் யாரென்று எங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டில் இருப்போம், வரலாம். இகினாரி டாங்கோ அவிப்பதாக இருக்கிறோம்.